எந்தப் பட்டறைக்குப் போவது?

வணக்கம் சார்,

நான்கு வருடங்களாக ஒரு நாளிதழில் வேலை பார்க்கிறேன். ஒன்றரை வருடமாக அறிவியல், மருத்துவப் பக்கம் என் பொறுப்பு. நான் படித்தது தமிழ் இலக்கியம். சென்ற மாதம் அறிவியல் செய்தியாளர்களுக்கான இரண்டு நாள் பயிற்சிக்குப் போய்வந்தேன். காலையிலிருந்து மாலைவரை விஞ்ஞானிகள் பேசினார்கள், நானும் நோட்டு நிறையக் குறிப்பெடுத்தேன். முடிவில் ஒரு பை, ஒரு சான்றிதழ், ஒரு குழுப் படம். திரும்பிவந்து மேசையில் உட்கார்ந்தால், அடுத்த செய்தியைப் பழையபடியேதான் எழுதுகிறேன். இப்போது இன்னொரு பட்டறைக்கும், ஒரு சர்வதேச மாநாட்டுக்கும் விண்ணப்பிக்கலாமா என்று யோசனை. விடுப்பும் போகும், கைக்காசும் போகும். இவற்றால் பயன் உண்டா? இல்லை, எழுதி எழுதித்தான் பழக வேண்டுமா? சமீபத்தில் நான் எழுதிய ஒரு செய்தியையும் இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

நித்யா

அன்புள்ள நித்யா,

பயன் உண்டு. ஆனால் நீங்கள் போய்வந்ததைப் பயிற்சி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அது சொற்பொழிவு. விஞ்ஞானி தன் துறையைப் பற்றிப் பேசினால் துறை கொஞ்சம் புரியும், அதுவும் நல்லதுதான். ஆனால் ஓர் ஆய்வு சொல்வதை எவ்வளவு தூரம் நம்பலாம், யாரைக் கூப்பிட்டுச் சரிபார்க்கலாம், மாலைக்குள் அதை எத்தனை வரியில் சொல்லலாம் என்பதெல்லாம் வேறு வேலை. இதை இன்னொரு செய்தியாளர்தான் சொல்லித்தர முடியும். அதுவும் நாம் எழுதிக் கொடுத்த செய்தியை, அதாவது நம் காப்பியை, கையில் வைத்துக்கொண்டு.

நான் வேலைக்கு வந்து ஏழாவது வருடம் அப்படி ஒரு பட்டறை அமைந்தது. மொத்தம் பதினாறு பேர். நடத்தியவர் ஓய்வுபெற்ற செய்தி ஆசிரியர். முதல் நாள் காலையில் எல்லோருக்கும் ஒரே ஆய்வுக் கட்டுரையைக் கொடுத்தார். தலைப்பு இல்லை, முதல் பக்கச் சுருக்கம் இல்லை, முடிவுரையும் இல்லை, எல்லாவற்றையும் கிழித்து எடுத்துவிட்டிருந்தார். மிச்சம் இருந்தவை ஆய்வு செய்த முறையும் நான்கு அட்டவணைகளும்தான். “என்ன கண்டுபிடித்திருக்கிறார்கள்? மூன்று வரி. ஒரு மணி நேரம்” என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்.

அதுவரை நான் சுருக்கத்தைத் தாண்டி எந்தக் கட்டுரையையும் முழுதாகப் படித்ததில்லை. அன்றைக்குத்தான் அட்டவணைக்குள் விரலை வைத்து வரிவரியாகப் போனேன். நாற்பது பேரோடு தொடங்கிய ஆய்வு இருபத்தாறு பேரோடு முடிந்திருந்தது. பாதியில் போன பதினான்கு பேர் ஏன் போனார்கள் என்று எங்கேயும் இல்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அதே ஆய்வைப் பற்றிப் பத்திரிகைகளுக்கு அனுப்பப்பட்ட செய்திக்குறிப்பைக் கையில் கொடுத்தார். அதில் ‘நிரூபணமாகியுள்ளது’ என்று இருந்தது. அந்தப் பதினான்கு பேர் அதில் இல்லவே இல்லை.

அப்புறம் நாங்கள் முன்கூட்டியே அனுப்பியிருந்த எங்கள் சொந்தச் செய்திகளைத் திருப்பித் தந்தார். என்னுடையதில் ஒரே ஒரு வாக்கியத்தின் கீழே பென்சில் கோடு. ஓரத்தில் ‘யார் சொன்னது?’ என்று எழுதியிருந்தார். அந்த வாக்கியம் ஒரு செய்திக்குறிப்பிலிருந்து அப்படியே நான் எடுத்துப் போட்டது. எனக்குக் காது சூடாகிவிட்டது. இன்றுவரை எந்தச் செய்தியை முடித்தாலும் ஒவ்வொரு வாக்கியத்தின் ஓரத்திலும் அந்தக் கேள்வியை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அனுப்புகிறேன்.

பல வருடம் கழித்து, அவர் ஏன் அந்த இடத்தில் அவ்வளவு அழுத்தினார் என்று புரிந்தது. பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் 2014-இல் ஓர் ஆய்வு வந்தது. பிரிட்டனின் 20 பல்கலைக்கழகங்கள் 2011-இல் வெளியிட்ட 462 செய்திக்குறிப்புகளை மூல ஆய்வுக் கட்டுரைகளோடு ஒப்பிட்டிருந்தார்கள். விலங்கு ஆய்வுகளைப் பற்றிய குறிப்புகளில், அங்கே பார்த்ததை மனிதர்களுக்கு அளவுமீறி நீட்டியவை 36 சதவீதம். குறிப்பு அப்படி மிகைப்படுத்தியபோது, அதை வைத்து வந்த செய்திகளில் 86 சதவீதம் அதே மிகையைச் சொல்லியிருக்கின்றன. குறிப்பு அடக்கமாக இருந்தபோது 10 சதவீதம்தான். ஆக, மிகை பெரும்பாலும் செய்தியறைக்கு வருவதற்கு முன்பே பிறந்துவிடுகிறது, நாம் அதைப் பார்க்காமல் உள்ளே விடுகிறோம். எழுதி எழுதிப் பழகினால் போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். கோடு போட்டுக் காட்ட ஆள் இல்லாவிட்டால், எழுத எழுத இந்தப் பழக்கம்தான் கையில் இறுகும்.

எண்களுக்கும் இப்படித்தான். 1995 அக்டோபரில் பிரிட்டனில், சில புதிய வகைக் கருத்தடை மாத்திரைகள் ரத்தம் உறையும் ஆபத்தை இரட்டிப்பாக்குகின்றன என்று எச்சரிக்கை வந்தது. செய்திகள் ‘இரட்டிப்பு’ என்றே போட்டன. ஏழாயிரம் பெண்களில் ஒருவருக்கு வருவது இருவருக்கு வரும் என்பதுதான் அதன் பொருள். பயந்துபோய் ஏராளமானோர் மாத்திரையை நிறுத்தினார்கள். அடுத்த வருடம் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கருக்கலைப்புகள் சுமார் 13,000 கூடியதாக மதிப்பிட்டிருக்கிறார்கள். கருவுற்றிருக்கும்போது ரத்தம் உறையும் ஆபத்து அந்த மாத்திரையால் வருவதைவிட அதிகம் என்பது இதில் இன்னும் வருத்தமான விஷயம். ‘எத்தனையிலிருந்து எத்தனை?’ என்று கேட்கும் பழக்கத்தை ஒரு பட்டறை கையோடு கொடுத்தனுப்பினால், அதற்காகவே எத்தனை நாள் விடுப்பும் போடலாம்.

ஒன்றை மட்டும் எந்த ஊர்ப் பட்டறையும் நமக்குச் சொல்லித்தராது. தமிழில் ‘ஆல்’ என்று ஓர் உருபு இருக்கிறது. இலக்கியம் படித்தவர், உங்களுக்குச் சட்டென்று பிடிபடும். ‘காபி குடிப்பவர்களிடம் இந்த நோய் குறைவாகக் காணப்படுகிறது’ என்பது ஒன்று. ‘காபி குடிப்பதால் இந்த நோய் குறைகிறது’ என்பது முற்றிலும் வேறு. முதலாவது கண்டது, இரண்டாவது காரணம். தலைப்புக்கு இடம் போதவில்லை என்று டெஸ்க்கில் முதலாவதை இரண்டாவதாகச் சுருக்கும்போது, ஆய்வாளர்கள் சொல்லத் துணியாததை ஓர் உருபு சொல்லிவிடுகிறது. நானே எத்தனையோ முறை செய்திருக்கிறேன். பட்டறை எந்த மொழியில் நடந்தாலும், அங்கே செய்த பயிற்சியைத் திரும்பி வந்ததும் தமிழில் ஒருமுறை செய்து பாருங்கள். நம் மொழியில் எங்கே வழுக்குகிறது என்பது அப்போதுதான் தெரியும்.

மாநாட்டுக்கு வருகிறேன். உலக அறிவியல் செய்தியாளர் மாநாடு 1992-இல் டோக்கியோவில் தொடங்கியது. இப்போது உலகக் கூட்டமைப்பு ஒன்றின் கீழ் நாடு நாடாக நடக்கிறது. 2023-இல் கொலம்பியாவின் மெடஜினில் நடந்தது. இந்த அளவு பெரிய கூட்டத்தில் மேடை உரைகளைப் பின்னால் பதிவாகக்கூடப் பார்த்துக்கொள்ளலாம். ஒரு நிருபர் தன் புலனாய்வை எப்படிச் செய்தார், எங்கே கோட்டை விட்டார் என்று திறந்து பேசும் சிறிய அமர்வுகளில் போய் உட்காருங்கள். மீதி நேரம் வராந்தாவில் நில்லுங்கள்.

வராந்தா என்று விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அப்படி ஒரு வராந்தாவில் பழக்கமான நண்பர் இயற்பியல் செய்திகளே எழுதுபவர். 2011 செப்டம்பரில், நியூட்ரினோ என்ற நுண்துகள்கள் ஒளியை 60 நானோ விநாடி முந்திவிட்டன என்று ஓபரா என்ற இயற்பியல் ஆய்வுக்குழு அறிவித்தது. ஒளியை எதுவும் முந்த முடியாது என்பது ஐன்ஸ்டைன் கோட்பாடு. ஐன்ஸ்டைன் தோற்றார் என்று நானும் தலைப்பு போட்டுவிட்டேன். அனுப்புவதற்கு முன்னால் அவரைக் கூப்பிட்டேன். “கட்டுரையின் கடைசிப் பத்தியைப் படித்தாயா?” என்று மட்டும் கேட்டார். போய்ப் படித்தேன். இந்த முடிவுக்குக் கோட்பாட்டு விளக்கம் எதையும் வேண்டுமென்றே தரவில்லை என்று அவர்களே எழுதியிருந்தார்கள். தலைப்பை மாற்றினேன். அடுத்த வருடம், ஒரு ஒளியிழைக் கேபிள் சரியாகப் பொருந்தாமல் இருந்ததுதான் பெரும் காரணம் என்று தெரியவந்தது. அந்த நண்பரை எனக்குக் கொடுத்தது மாநாடுதான்.

ஃபெலோஷிப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவைக்கிறேன். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் 1983 முதல் அறிவியல் செய்தியாளர்களுக்காக நடக்கும் நைட் ஃபெலோஷிப் போன்றவை ஒரு கல்வியாண்டு முழுக்க இருந்து படிக்க விடுகின்றன. அவை சில வருட அனுபவம் உள்ளவர்களுக்கு. இன்னும் கொஞ்சம் எழுதிவிட்டுப் பாருங்கள். அதுவரை தி ஓப்பன் நோட்புக் தளத்தில், நிருபர்கள் தங்கள் கட்டுரை உருவான கதையைச் சொல்லும் பேட்டிகள் இலவசமாகக் கிடைக்கின்றன, வாரம் ஒன்று படித்தால்கூடப் போதும்.

பணம் யார் கொடுக்கிறார்கள் என்று மட்டும் கட்டாயம் கேளுங்கள். ஒரு நோயைப் பற்றிய பயிற்சிக்கு அந்த நோயின் மருந்தை விற்கும் நிறுவனமே டிக்கெட்டும் விடுதியும் போட்டால், போகாதீர்கள். அலுவலகம் அனுப்பியே தீருவேன் என்றால், செய்தியின் கீழே அதை வாசகருக்குச் சொல்லிவிடுங்கள்.

சரி, உங்கள் கேள்விக்கு. பட்டறை நடத்துபவர்களிடம் இரண்டு விஷயம் எழுதிக் கேளுங்கள்: எத்தனை பேர், எங்கள் காப்பியை முன்கூட்டியே வாங்கிப் படிப்பீர்களா? இருபது பேருக்குள் என்றும், படிப்போம் என்றும் பதில் வந்தால் விடுப்பு போட்டுவிடுங்கள். மாநாட்டுக்கு உதவித்தொகை கிடைத்தால் போங்கள், கைக்காசு போட்டு இந்த வருடம் வேண்டாம்.

நீங்கள் அனுப்பிய தூக்கம் பற்றிய செய்தியைப் படித்தேன். ஆய்வில் சம்பந்தப்படாத ஒரு மருத்துவரையும் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறீர்கள், அது எனக்கு ரொம்பப் பிடித்தது. மூன்றாம் பத்தியில் ஒரு ‘ஆல்’ இருக்கிறது, கடைசிப் பத்தியில் எங்கிருந்து வந்தது என்று தெரியாத ஒரு சதவீதம் இருக்கிறது. விண்ணப்பத்தோடு இந்தச் செய்தியையே வையுங்கள், எதையும் திருத்தாமல்.