மூடிவைத்த ஆர்மோனியம்

அன்புள்ள ஐயா,

நான் மதுரையில் ஒரு வங்கியில் வேலை செய்கிறேன். வயது 31. எங்கள் சபையில் நான்கு வருடமாக வொர்ஷிப், அதாவது ஆராதனைப் பாட்டு, நடத்துகிறேன். ஞாயிறு இரண்டு ஆராதனை, புதன் ஜெபக்கூட்டம், சனி மாலை வாலிபர் கூட்டம். போதகர் செய்தியின் தலைப்பைச் சனி இரவு பத்து மணிக்குத்தான் வாட்ஸாப்பில் அனுப்புவார். அப்புறம் பாட்டு எடுத்து, கீபோர்டு தம்பிக்கு ஸ்கேல் அனுப்பி, ஸ்லைடு போட்டு முடிக்க ஒரு மணி ஆகிவிடும். போன மாதம் ஒரு முகாமில், "ஆராதனை நடத்துகிறவனுக்கு விஷன் வேண்டும், வருடத் திட்டம் வேண்டும், விஷன் இல்லாத ஜனங்கள் அழிந்துபோவார்கள் என்று வேதமே சொல்கிறது" என்றார்கள். அதிலிருந்து குற்ற உணர்வாக இருக்கிறது. இதற்கெல்லாம் நேரத்துக்கு எங்கே போவது? காலை நாலு மணிக்கு எழுந்து பார்க்கலாமா? திட்டமிட நல்ல செயலி ஏதாவது உண்டா? போதகரைத் தலைப்பை முன்கூட்டியே கொடுக்க வைப்பது எப்படி?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடிதம் வந்த அன்று காலையில்தான், இழுப்பறையில் எதையோ தேடப்போய் ஒரு பித்தளை ரீடு கையில் அகப்பட்டது. காலால் மிதித்து வாசிக்கிற ஆர்மோனியத்தின் ரீடு, காற்றில் அதிர்ந்து சுரம் தருகிற தகடு. சுண்டுவிரல் நீளம்கூட இராது. நாக்கில் விரிசல். ஐம்பது வருடமாக என்னோடு ஊர் ஊராக வந்துகொண்டிருக்கிறது. அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நேரத்தில் உங்கள் கடிதத்தைப் படித்ததால்தான் இந்தப் பதில். செயலி உண்டா என்று கேட்டு வருகிற கடிதங்களுக்கு நான் பொதுவாகப் பதில் எழுதுவதில்லை.

முதலில் அந்த வசனம். நீதிமொழிகள் 29:18. "தீர்க்கதரிசனமில்லாத இடத்தில் ஜனங்கள் சீர்கெட்டுப்போவார்கள், வேதத்தைக் காக்கிறவனோ பாக்கியவான்." வருடத் திட்டம் இதில் எங்கே இருக்கிறது? ஆங்கிலப் பழைய மொழிபெயர்ப்பில் விஷன் என்று ஒரு சொல் விழுந்துவிட்டது. கம்பெனிக்காரர்கள் சுவரில் மாட்டுகிற விஷனாக அதை ஆக்கி, பின்பாதியை வெட்டிவிட்டு, முகாம் முகாமாக விற்கிறார்கள். வங்கியில் காலாண்டு இலக்கு வைத்து உங்களை வறுத்தெடுப்பது போதாதா? கோயிலிலும் ஒன்று வேண்டுமா? அந்தக் குற்ற உணர்வை முகாமிலேயே விட்டுவிட்டு வந்திருக்க வேண்டும்.

நாலு மணிக்கு எழுந்திருக்க வேண்டாம். ஒரு மணிக்குப் படுத்தவன் நாலு மணிக்கு எழுந்தால் தலைவலிதான் வரும். போதகர் விஷயம்: செவ்வாய்க்கிழமை மாலை நேரில் போய், டீ குடித்துவிட்டு, கேளுங்கள். அவரும் சனி இரவு வரை தலைப்பு கிடைக்காமல் தவிக்கிற மனிதராக இருக்கலாம்.

இனி நான் சொல்ல வேண்டியது. நான்கு வருடம், 52 ஞாயிறும், புதனும், சனியும் நீங்களே. யார் சொன்னது இப்படிச் செய்யச் சொல்லி? தாவீது ஏற்படுத்திய ஏற்பாட்டை 1 நாளாகமம் 25இல் எடுத்துப் பாருங்கள். பாட்டில் தேர்ந்தவர்கள் 288 பேர். 24 வகுப்பு, வகுப்புக்குப் 12 பேர். ஆசான், மாணாக்கன், சிறியவன், பெரியவன் என்று பார்க்காமல் சீட்டுப் போட்டு முறை வைத்தார்கள். முறை வராத நாளில் அவர்கள் பாடவில்லை. தாவீதைவிடப் பெரிய பாட்டுக்காரரா தம்பி நீங்கள்? நம்மை விட்டால் ஆளில்லை என்கிற நினைப்பு இனிப்பாகத்தான் இருக்கும். எனக்கும் இருந்தது.

எனக்கு 26 வயது. ஒரு நகரத்துச் சபையில் பாட்டு நடத்திக்கொண்டிருந்தேன். அந்த வாரப் பாட்டுகளைப் பேருந்தில் நின்றபடியே முடிவு செய்தேன். முதல் பாட்டு, கைதட்டித் துள்ளிப் பாடுகிறது. மூன்றாவது வரிசையில் ஒரு அம்மா. வியாழக்கிழமைதான் மகனை அடக்கம் செய்திருந்தார். எனக்கு அது தெரியாமல் இல்லை, அடக்கத்துக்கே போயிருந்தேன். வியாழன் வேறு, ஞாயிறு வேறு என்று என் மண்டைக்குள் இருந்திருக்கிறது, அவ்வளவுதான். இரண்டாவது சரணத்தில் அவரைப் பார்த்தேன். கைதட்டிக்கொண்டிருந்தார். எல்லோரும் தட்டுகிறார்களே என்று. அந்தக் கைகளை நினைத்தால் இப்போதும் எனக்குப் பாட்டு நின்றுவிடும்.

எங்கள் ஊரில் இது நடந்திருக்காது. திருநெல்வேலிப் பக்கம், பனங்காட்டுக்குள் ஒரு சின்ன ஊர். குவயரை, அதாவது பாடகர் குழுவை, நடத்தியவர் தொடக்கப்பள்ளி ஆசிரியர். நாங்கள் பெரிய சார்வாள் என்போம். ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் நோன்புக்காலமான லெந்து தொடங்குகிற சாம்பல் புதன் அன்று, ஆராதனை முடிந்ததும் ஆர்மோனியத்தை மூடி, பூட்டி, சாவியை அரைஞாணில் முடிந்துகொள்வார். நாற்பது நாளும் குவயர் பழகுவது கிடையாது. ஞாயிற்றுக்கிழமை எல்லோருக்கும் மனப்பாடமாகத் தெரிந்த பாமாலைகளை வாத்தியமில்லாமல் வெறும் வாயால் பாட வேண்டியதுதான். கல்யாணமும் இல்லை, ஆகவே கல்யாணப் பாட்டும் இல்லை.

பகலில் அவருக்குப் பள்ளிக்கூடம். சாயங்காலம் ஒருநாள் விட்டு ஒருநாள் ஆர்மோனிய வேலை. பின்பலகையைக் கழற்றினால் எலி கொறித்த துருத்தி. தோல் வெட்டி, வஜ்ஜிரம் காய்ச்சி, ஒட்டுவார். அந்த நாற்றம் வேட்டியில் ஈஸ்டர் வரை இருக்கும். ரீடுகளை ஒவ்வொன்றாக இழுத்தெடுத்துத் தூசி தட்டித் தருவது என் வேலை. மற்ற நாள்களில் வீடு வீடாகப் போவார். ஒரு கோடு போட்ட நோட்டு. யாருக்குத் தொண்டை இறங்கிவிட்டது, எந்தப் பையனுக்குக் குரல் உடைந்திருக்கிறது, எந்த வீட்டில் சாவு, யாருக்கு இது பிள்ளை இல்லாத முதல் கிறிஸ்துமஸ், எந்த ஆச்சிக்கு எந்தப் பாட்டு ஆறுதல். பக்கத்தில் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) அல்மனாக்கைத் திறந்துவைத்துக்கொள்வார். அதில்தான் ஒவ்வொரு ஞாயிற்றுக்கும் தலைப்பும் வேதபாடமும் வருடம் முழுவதற்கும் போட்டிருக்கிறதே. நோட்டையும் அல்மனாக்கையும் மாறி மாறிப் பார்த்து, பென்சிலால் பாட்டு எண்ணைக் குறிப்பார். உயிர்ப்பு ஞாயிறு, அதாவது ஈஸ்டர், வரும்போது கிறிஸ்துமஸுக்கு முந்தைய அட்வென்ட் வாரங்கள் வரைக்கும் பாட்டு தயார். அதற்குத் திட்டம் என்று ஒரு பேர் உண்டு என்பதே அவருக்குத் தெரிந்திருக்காது.

இது எங்கள் ஊர்க் கிறுக்கு என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தேன். பிறகு ஜெர்மன் இசையமைப்பாளர் பாஹ் வாழ்க்கையைப் படித்தேன். 1723இல் அவர் ஜெர்மனியின் லைப்சிக் நகரத்துக்குக் கோயில் இசைப் பொறுப்பாளராக வந்தபோது வயது 38. ஞாயிறுதோறும், பண்டிகைதோறும் கான்டாட்டா ஒன்று வேண்டும். குழுப்பாட்டு, தனிப்பாட்டு, வாத்தியம் எல்லாம் சேர்ந்தது. முதல் வருடங்களில் பெரும்பாலும் புதிதாகவே எழுதினார். எழுதி, பள்ளிப் பையன்களும் வீட்டாரும் உட்கார்ந்து பிரதியெடுத்து, அந்த ஞாயிறே பாட வேண்டும். உங்கள் சனி இரவு அதன் பக்கத்தில் நிற்காது. (புலம்பாமலும் இருக்கவில்லை. 1730இல் நண்பருக்கு எழுதிய கடிதத்தில், நல்ல காற்று வீசி ஊரில் சாவு குறைந்துபோனதால் அடக்க ஆராதனைகளில் கிடைக்கிற வரும்படியில் 100 தாலருக்கு (அந்த ஊர் வெள்ளிக்காசு) மேல் போயிற்று என்கிறார். பிள்ளைகுட்டிக்காரர், பாவம்.)

ஆனால் அந்த ஊரில் ஒரு வழக்கம் இருந்தது. அட்வென்ட்டின் முதல் ஞாயிறு கழிந்தால் கிறிஸ்துமஸ் வரையிலும், பிறகு லெந்து நாள்களிலும் கான்டாட்டா கிடையாது. லெந்தில் மார்ச் 25, மரியாளுக்குத் தூதன் அறிவித்த நாள், ஒன்றுக்கு மட்டும் விலக்கு. மூடிய காலம் என்று பெயர். அந்தக் காலத்தில் கல்யாணமும் இல்லை. எங்கள் ஊரில் லெந்தில் கல்யாணம் வைக்காததும் அதே பழைய சங்கிலியின் ஒரு கண்ணிதான். அந்த ஓய்ந்த வாரங்கள் இருந்ததால்தான், 1724 ஏப்ரல் 7, பெரிய வெள்ளியன்று, இயேசு பட்ட பாடுகளை யோவான் சுவிசேஷத்தின்படி சொல்கிற இசையை அவரால் முதன்முதலாகக் கேட்கவைக்க முடிந்தது. 1727இல் மத்தேயு. அந்த மத்தேயுவில் திரும்பத் திரும்ப ஒரு மெட்டு வரும். பெரிய வெள்ளியன்று பாமாலையில் நாம் பாடுகிற "இரத்தம் காயம் குத்தும்" அந்த மெட்டில் பாடுகிற ஜெர்மன் பாட்டின் தமிழ்தான். சார்வாளுக்கு பாஹ் பேர் தெரியாது. இரண்டு பேரும் ஒரே பாட்டை, ஒரே மாதிரி வாயை மூடிக்கொண்டிருந்த நாற்பது நாளுக்கு அப்புறம் பாடியிருக்கிறார்கள்.

உங்கள் சபையில் லெந்து அனுசரிக்கிற வழக்கம் இல்லை என்று நினைக்கிறேன். இல்லாவிட்டால் போகட்டும். மாதத்தில் நாலாவது ஞாயிறு மைக்கைத் தொடாதீர்கள். டிரம்ஸையும் மூடுங்கள். யாராவது ஒரு அக்கா தெரிந்த பாட்டை எடுக்கட்டும். சுருதி கொஞ்சம் விலகினால் ஒன்றும் ஆகிவிடாது. நீங்கள் பின்வரிசையில் போய் உட்கார்ந்து யார் பாடுகிறார்கள், யார் உதட்டை மட்டும் அசைக்கிறார்கள், யார் இரண்டு வாரமாக வரவில்லை என்று பாருங்கள். அந்த வாரம் சனி இரவு உங்களுக்குச் சும்மா கிடக்கும். அதில் யார் வீட்டுக்காவது போங்கள். கையில் போன் வேண்டாம், நோட்டு போதும். வாரம் ஒரு புதுப் பாட்டு இறக்குகிற பழக்கத்தையும் விடுங்கள். சபை கற்றுக்கொள்வதற்குள் நீங்கள் அடுத்ததற்குப் போய்விடுகிறீர்கள், அப்புறம் ஜனங்கள் பாடுவதில்லை என்று அவர்கள்மேலேயே குறை. இது உங்களுக்கு மட்டும் சொல்லவில்லை, ஆனாலும் உங்களுக்கும்தான்.

அந்த ரீடு கதையைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். ஒரு லெந்தில் தூசி தட்டும்போது நான்தான் அதைக் கீழே போட்டு மிதித்தேன். மாற்று ரீடு வாங்க நாள் இல்லை. சார்வாள் அடிக்கவில்லை. நோட்டை எடுத்து உயிர்ப்பு ஞாயிற்றுப் பாட்டுகளை ஒருமுறை முணுமுணுத்துப் பார்த்தார். ஒரே ஒரு பாட்டில்தான் அந்தக் கட்டை வருகிறது. "அந்த எடம் வரும்போது நீ சத்தமாப் பாடுலே. அதுக்கு நீதான் ரீடு" என்றார். விடியற்கால ஆராதனையில் அந்த இடம் நாலு தடவை வந்தது. நாலு தடவையும் மிதித்துக்கொண்டே என் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

செயலி பற்றி என் மகளிடம் கேட்டிருக்கிறேன். சொன்னால் எழுதுகிறேன்.

அன்புடன்.