ஐஸ் பெட்டியோடு வீடு வீடாகப் போகும் வேலை: வாணியம்பாடியிலிருந்து எழுதிய அம்மாவுக்கு

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பி.எஸ்சி. உயிர்வேதியியல் முடிக்கப்போகும் மகள், இந்த வருடம் எம்.எஸ்சி.க்கு விண்ணப்பிக்காமல் சுற்றுச்சூழல் மாசு தாயையும் குழந்தையையும் எப்படிப் பாதிக்கிறது என்று தொடர்ந்து பார்க்கும் ஓர் ஆராய்ச்சித் திட்டத்தில் களப்பணியாளராகச் சேரப்போகிறேன் என்கிறாள். கர்ப்பிணிகளின் வீட்டுக்கும் கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்கும் போய்க் கேள்வித்தாள் நிரப்ப வேண்டும். சிறுநீர் மாதிரியை வாங்கி, ஐஸ் பெட்டியில் வைத்து ஆய்வகம் கொண்டுவர வேண்டும். "மூணு வருஷம் படிக்க வச்சது வீடு வீடா போய் யூரின் பாட்டில் வாங்கவா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இதைக் கோபத்தில் எழுதியதாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. பெண் பிள்ளை, ஒரு வருட ஒப்பந்தம், அதற்குப் பிறகு என்ன என்ற பயம்தான் எனக்குத் தெரிகிறது.

அந்த பாட்டிலிலிருந்தே தொடங்குகிறேன்.

அமெரிக்காவில் கலிபோர்னியாவின் சலினாஸ் பள்ளத்தாக்கு முழுக்க விவசாய நிலம். அங்கே வேலை செய்வோரில் பெரும்பாலோர் மெக்சிகோவிலிருந்து வந்த குடும்பங்கள். வயலில் அடிக்கும் பூச்சிமருந்து வயிற்றுப் பிள்ளையை என்ன செய்கிறது என்று அறிய, பெர்க்லி பல்கலைக்கழகத்தின் பிரெண்டா எஸ்கெனாசி குழு 1999-2000இல் சுமார் 600 கர்ப்பிணிகளைச் சேர்த்தது. தாய்மார்களின் சிறுநீர் மாதிரியில் பூச்சிமருந்தின் சிதைவுப் பொருள்களை அளந்து வைத்தார்கள். பிறகு காத்திருந்தார்கள். பிள்ளைகளுக்கு ஏழு வயதானபோது அறிவுத்திறன் சோதனை வைத்தார்கள். கர்ப்பகாலத்தில் அளவு மிக அதிகமாக இருந்த ஐந்தில் ஒரு பங்கு தாய்மாரின் பிள்ளைகள், மிகக் குறைவாக இருந்த ஐந்தில் ஒரு பங்கினரின் பிள்ளைகளைவிட சராசரியாக 7 புள்ளி பின்தங்கியிருந்தார்கள். 2011இல் இது வெளியானது. அங்கே அளந்த வகை மருந்துகளில் ஒன்றான குளோர்பைரிபாஸ் விற்பனையைக் கலிபோர்னியா 2020இல் நிறுத்தியது. அதற்கு வலுச்சேர்த்த ஆய்வுகளில் இதுவும் ஒன்று. யாரோ ஒரு பெண் வீடு தேடிப் போய் வாங்கி, பெயர்ச்சீட்டு ஒட்டி, குளிர் விடாமல் கொண்டுவந்த பாட்டில்தான் அதற்கு அடித்தளம்.

அதே ஆய்வில் இன்னொரு எண்ணும் இருக்கிறது. ஏழு வயதில் அவர்களால் சோதிக்க முடிந்தது 329 குழந்தைகளை. பிழைப்புக்காக இடம் மாறும் குடும்பங்கள். எத்தனையோ பேர் கைநழுவிப் போனார்கள். மாறாக, வட அட்லாண்டிக்கில் இருக்கும் பரோ தீவுகளைப் பாருங்கள். அங்கே திமிங்கில இறைச்சி சாப்பிடும் வழக்கம் உண்டு, அதன் வழியாகப் பாதரசம் உடலில் சேரும். பிலிப் கிராஞ்ஜான் குழு 1986-87இல் 1,022 பிரசவங்களில் தொப்புள்கொடி ரத்தத்தை எடுத்து வைத்தது. ஏழு வருடம் கழித்து 917 பிள்ளைகளைத் திரும்பப் பார்த்தது. பார்வைக்கு நோய்நொடி இல்லாத பிள்ளைகள்தாம். ஆனால் தாய் வயிற்றில் பாதரசம் அதிகம் பட்டவர்களுக்குக் கவனம், நினைவாற்றல், மொழி மூன்றிலும் குறை தெரிந்தது. ஒரு நாள் மருத்துவ முகாம் போட்டு இதைக் கண்டுபிடிக்கவே முடியாது. காலம் ஓட ஓட அதே பிள்ளையை மறுபடி மறுபடி பார்த்தால்தான் பிடிபடும். குடும்பங்கள் விலகிப் போனால் ஆய்வு வலுவிழந்துவிடும். விலகாமல் பார்த்துக்கொள்வது பேராசிரியர் அல்ல, உங்கள் மகள் சேரப்போகும் இடத்தில் நிற்பவர்தான்.

நம் ஊர் நிலவரத்தை யோசியுங்கள். தலைப்பிரசவம் என்றால் வளைகாப்பு முடிந்து பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போய்விடுவோம். ஒரு பெண்ணின் புகுந்த வீடு ஆம்பூர் என்று வையுங்கள். ஏழாம் மாதம்வரை அங்கே தண்ணீரும் காற்றும் அளந்தாயிற்று. பிரசவம் திருவண்ணாமலையில், திரும்புவது குழந்தைக்கு ஆறாவது மாதம் நடக்கும்போது. முதல் சந்திப்பிலேயே "உங்க அம்மா வீடு எங்க?" என்று கேட்டு, அங்கே ஒரு போன் எண்ணையும் வாங்கி வைக்கிற பெண்தான் அந்தக் குழந்தையை ஆய்வில் தக்கவைப்பாள். நர்ஸம்மாவிடம் பழகி, கர்ப்பிணிகளின் அரசுப் பதிவு எண்ணான பிக்மி எண்ணைச் சரிபார்த்து, அங்கன்வாடியில் விசாரித்து, மாமியார் "எதுக்கும்மா ரத்தம் எடுக்கறீங்க?" என்று மறித்தால் பொறுமையாக உட்கார்ந்து விளக்குகிறவள். இதைக் கல்லூரியில் சொல்லித்தருவதில்லை. நான் பார்த்தவரை, நேராக முதுகலைக்குப் போய்ப் பிறகு களத்துக்கு வந்தவர்களைவிட, இதை முதலில் கற்றவர்கள்தான் பின்னால் நல்ல ஆய்வாளர்களாக நிற்கிறார்கள்.

"இதெல்லாம் வெளிநாட்டுக் கதை" என்று நினைக்க வேண்டாம். சென்னை ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்தில் கல்பனா பாலகிருஷ்ணன் குழு தமிழ்நாட்டிலேயே 1,285 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து பார்த்தது. காற்றில் பிஎம் 2.5 எனும் நுண்துகள் கனமீட்டருக்கு 10 மைக்ரோகிராம் கூடினால் பிறப்பு எடை சுமார் 4 கிராம் குறைகிறது என்று கண்டது. ஒரு குழந்தைக்கு 4 கிராம் அற்பம். ஆனால் விறகடுப்புப் புகையும் நகரத்துக் காற்றும் அந்த 10 மைக்ரோகிராமைப் போலப் பல மடங்கு துகள்களைக் கொண்டுவருகின்றன, அதையும் லட்சக்கணக்கான கர்ப்பிணிகள் சுவாசிக்கிறார்கள். பிறகு அதே குழு குவாத்தமாலா, பெரு, ருவாண்டா ஆய்வாளர்களோடு சேர்ந்து ஒரு பெரிய சோதனை நடத்தியது; தமிழ்நாட்டில் விழுப்புரமும் நாகப்பட்டினமும் களம். நான்கு நாடுகளிலும் 3,200 கர்ப்பிணிகள்; பாதிப்பேருக்கு எரிவாயு அடுப்பும் சிலிண்டரும் கொடுத்தார்கள். புகை நன்றாகவே குறைந்தது. ஆனால் 2022இல் வந்த முடிவில் பிறப்பு எடையில் பொருட்படுத்தத்தக்க வித்தியாசம் இல்லை. எதிர்பார்த்தது வரவில்லை என்றும் மறைக்காமல் எழுதினார்கள். உங்கள் மகளிடம் இதை அவசியம் சொல்லுங்கள். நம் ஊர்த் தோல் தொழிற்சாலைகள்மேல் அவளுக்கு இருக்கும் கோபம் நியாயமானது. ஆனால் தான் நினைத்ததை நிரூபிக்கத்தான் ஆராய்ச்சி என்று போனால் இந்தத் துறை அவளைச் சோர்வடையச் செய்துவிடும். கிடைத்த முடிவை அப்படியே எழுதும் மனம் வேண்டும்.

இனி, பிழைப்பு.

பொய் நம்பிக்கை தரமாட்டேன். இந்தத் துறையில் தொடக்க வேலைகள் பெரும்பாலும் ஒப்பந்தம்தான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆரின் நிதியில் நடக்கும் திட்டங்களில் 'ப்ராஜெக்ட் டெக்னிக்கல் சப்போர்ட்', 'ப்ராஜெக்ட் ரிசர்ச் சயின்டிஸ்ட்' என்ற பெயர்களில் ஆள் எடுப்பார்கள்; திட்டம் முடிந்தால் வேலையும் முடியும். அமெரிக்காவிலேயே, 1,00,000 குழந்தைகளைப் பிறப்புக்கு முன்பிருந்து 21 வயதுவரை தொடர வேண்டும் என்று 2000இல் சட்டம் போட்டுத் தொடங்கிய தேசிய ஆய்வை, நூறு கோடி டாலருக்கு மேல் செலவான பின் 2014 டிசம்பரில் மூடிவிட்டார்கள். ஜப்பான் 2011இல் தொடங்கிய ஆய்வும் சுமார் 1,00,000 பேரைக் கொண்டதுதான்; அது நடந்துகொண்டிருக்கிறது. எது நிலைக்கும் என்று சேரும்போது யாருக்கும் தெரியாது. என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒரு பையன் சேர்ந்த திட்டம் பதினோராவது மாதம் நிதியில்லாமல் நின்றுபோனது. அவனைக் காப்பாற்றியது, அந்தப் பதினோரு மாதத்தில் கற்ற தரவு மேலாண்மை. அடுத்த இடத்தில் அதைக் காட்டித்தான் வேலை வாங்கினான்.

அதனால் உங்கள் மகளுக்கு என் ஒரே நிபந்தனை: திட்டத்தை நம்பிப் போகாதே, கையில் ஒரு தொழிலை வைத்துக்கொண்டு போ. அவளுக்கு இரண்டு வழி தெரிகிறது. ஒன்று ஆய்வகம். ரத்தத்தில் ஈயம், சிறுநீரில் பூச்சிமருந்து என்று அளக்கும் கருவிகளில் கை பழகினால், ஆராய்ச்சி நின்றாலும் உணவு, குடிநீர், மருந்துப் பரிசோதனைக் கூடங்கள் இருக்கின்றன. எம்.எஸ்சி. முடித்தால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 'சுற்றுச்சூழல் விஞ்ஞானி' பணிக்கும் முயலலாம். மற்றொன்று புள்ளியியல். நான் அழுத்திச் சொல்வது இதைத்தான். ஒரே குழந்தையைப் பத்து முறை அளந்த தரவைச் சாதாரண கணக்கில் போட முடியாது. அதற்குத் தனி முறைகள் உண்டு, அவை தெரிந்தவர்கள் நம்மிடம் குறைவு. 'ஆர்' எனும் புள்ளியியல் மென்பொருள் இலவசம். இந்த வருடமே மாலை வேளையில் தொடங்கட்டும். பிளஸ் டூவில் கணக்கு படித்தவள் என்று எழுதியிருக்கிறீர்கள், அது பெரிய பலம்.

பொதுச் சுகாதார முதுகலையான எம்.பி.எச். பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். அயப்பாக்கத்தில் இருக்கும் ஐசிஎம்ஆர் தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம், திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரை நிறுவனத்தின் அச்சுத மேனன் மையம், புதுச்சேரி ஜிப்மர், ஸ்ரீராமச்சந்திரா எல்லாம் நல்ல பெயர் எடுத்தவை. தகுதியும் கட்டணமும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். அந்தந்த ஆண்டு அறிவிக்கையைப் பார்த்தே முடிவெடுங்கள். ஆனால் இப்போதே வேண்டாம். ஒரு வருடம் களத்தில் நின்றவளுக்கு அந்த வகுப்பில் சொல்வது உடனே புரியும். வட்டிக்குக் கடன் வாங்கி, களப்பயிற்சியே இல்லாத ஏதோ ஒரு கல்லூரியில் எம்.பி.எச். சேர்ப்பதை மட்டும் செய்யாதீர்கள். முனைவர் பட்டம்வரை போக நினைத்தால், எம்.எஸ்சி.க்குப் பின் சிஎஸ்ஐஆர்-யுஜிசி நெட் தேர்வில் ஜேஆர்எஃப் எனும் ஆய்வு உதவித்தொகை வாங்கட்டும். 2023இலிருந்து அது மாதந்தோறும் 37,000 ரூபாயும் வீட்டு வாடகைப் படியும் உண்டு; பிறகு மூத்த நிலையான எஸ்ஆர்எஃப் ஆனால் 42,000. உங்கள் கையை எதிர்பார்க்காமல் படிக்கலாம்.

கல்யாணப் பேச்சை நீங்கள் ஒரே வரியில் எழுதிவிட்டு விட்டுவிட்டீர்கள். நானும் ஒன்று மட்டும் சொல்கிறேன்: இருபத்தொரு வயதில் ஒரு வருடம் என்பது தாமதம் இல்லை.

சேரும் முன் கேட்க வேண்டியவற்றைக் கேளுங்கள், கூச்சம் வேண்டாம். தனியாக அனுப்புவார்களா, இரண்டு பேராகவா? இருட்டிய பின் வீட்டுச் சந்திப்பு உண்டா? பேருந்துச் செலவு யார் தருவது? பயிற்சி எத்தனை நாள்? நெறிமுறைக் குழுவின் அனுமதி வாங்கியிருக்கிறார்களா? ஒரு குழந்தையின் ரத்தத்தில் ஈயம் அதிகம் என்று தெரிந்தால் அந்தத் தாயிடம் யார் சொல்வார்கள், எங்கே சிகிச்சைக்கு அனுப்புவார்கள்? இந்தக் கடைசிக் கேள்விக்குத் தெளிவான பதில் இல்லாத இடத்தில் உங்கள் மகள் சேர வேண்டாம். நாளைக்கு அதே தெருவில், அதே தாயின் முகத்தைப் பார்த்து நிற்கப்போவது அவள்தான்.

பணி ஆணை கையில் வந்ததும், கையெழுத்துப் போடும் முன் ஒரு நகல் எனக்கு அனுப்பிவையுங்கள். காலம், சம்பளம், விலகும் விதி மூன்றையும் பார்த்துவிட்டு உங்கள் இருவரோடும் பேசுகிறேன். பேசும்போது அவளும் பக்கத்தில் இருக்கட்டும்.