மருத்துவர் பதில்கள்: ஊசி வீட்டில் இருக்கும்போது வீக்கத்தைப் பொறுத்துக்கொண்டு உட்காராதீர்கள்

கேள்வி: எங்க வீட்டுக்காரருக்கு வயது 34. சின்னப் பையனாக இருந்த காலத்திலிருந்தே கை, கால், உதடு என்று எங்கேயாவது திடீரென்று வீங்கும், இரண்டு மூன்று நாளில் தானாக வற்றும். காணாக்கடி என்று மந்திரித்தும் பார்த்தாயிற்று, அலர்ஜி மாத்திரையும் வருடக்கணக்கில் சாப்பிட்டாயிற்று. ஒரு தடவை வயிற்றுவலியில் துடித்தபோது குடல்வால் என்று ஆபரேஷனே செய்துவிட்டார்கள். போன வருடம்தான் ரத்தப் பரிசோதனையில் பரம்பரை வீக்க நோய் என்று தெரிந்து, இகாடிபான்ட் ஊசி இரண்டு வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். விலையைப் பார்த்துவிட்டு அவர் அதைத் தொடவே மாட்டேன் என்கிறார், தொண்டை வீங்கினால் பார்த்துக்கலாம் என்கிறார். வீட்டில் வைத்து நாமே குத்தினால் ஏதாவது ஆகிவிடும் என்று அத்தைக்கும் பயம். நான் பீடி சுற்றுகிறவள், பத்தாவது வரை படித்திருக்கிறேன். நான் போடலாமா? எப்போது போட வேண்டும்? இந்த வெயிலில் அதை எங்கே வைப்பது? (முக்கூடல் வாசகி)

பதில்: தாராளமாகப் போடலாம், தங்கச்சி. நோயாளியோ வீட்டில் இருக்கிறவர்களோ போடுவதற்கென்றே மருந்தை நிரப்பி வரும் ஊசி அது. முதல் தடவை மட்டும் மருத்துவமனையில் டாக்டர் அல்லது நர்ஸ் பக்கத்தில் நிற்க, நீங்களே போட்டுப் பழகிக்கொள்ளுங்கள். பீடி சுற்றிப் பழகிய விரல்களுக்கு இது பெரிய வேலையே இல்லை.

அலர்ஜி மாத்திரை ஏன் கேட்கவில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், அது புரிந்தால் மற்றது எல்லாம் புரியும். அலர்ஜியில் வருகிற வீக்கத்துக்குக் காரணம் ஹிஸ்டமின். உங்கள் வீட்டுக்காரர் உடம்பில் நடப்பது வேறு. சி1 இன்ஹிபிட்டர் என்று ரத்தத்தில் ஒரு புரதம் இருக்கிறது, அவருக்கு அது பிறவியிலேயே குறைவு, அல்லது இருந்தும் சரியாக வேலை செய்யாது. அதனால் பிராடிகைனின் என்ற பொருள் அளவுக்கு மீறிச் சுரந்து, ரத்தக்குழாய்ச் சுவர் வழியாக நீர் கசிந்து வீங்குகிறது. அரிப்பு இருக்காது, தடிப்புத் தடிப்பாகவும் வராது. செட்ரிசின், டெக்சாமெத்தசோன், அட்ரினலின் என்று எதைக் குத்தினாலும் அது அடங்காததற்குக் காரணம் இதுதான். குடலின் சுவர் வீங்கினால் வாந்தியும் பொறுக்க முடியாத வலியும் வரும். அதைக் குடல்வால் என்று நினைத்து வயிற்றைத் திறப்பது உலகம் முழுக்க நடந்திருக்கிறது, உங்கள் வீட்டில் மட்டும் இல்லை.

இகாடிபான்ட் செய்வது ஒரே வேலை: பிராடிகைனின் போய் ஒட்டிக்கொள்ளும் இடத்தில் தான் போய் உட்கார்ந்து, மேற்கொண்டு கசியாமல் தடுக்கும். ஏற்கெனவே கசிந்த நீரை அது உறிஞ்சி எடுக்காது, அது தானாகத்தான் வற்ற வேண்டும். அதனால்தான் சொல்கிறேன், முகம் முழுக்க உப்பிய பிறகு போடுவதும், உதட்டில் இழுக்கிற மாதிரி ஒரு உணர்வு வந்தவுடனே போடுவதும் ஒன்றில்லை. முதல் ஒரு மணி நேரத்துக்குள் போட்டுக்கொண்டவர்களுக்கு அந்தத் தடவை வீக்கம் சுமார் 6 மணி நேரத்தில் முடிந்தது, அதற்கு மேல் தாமதித்தவர்களுக்குச் சுமார் 17 மணி நேரம் இழுத்தது என்று நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 2013-ல் வெளியானது. ஊசியே போடாவிட்டால் எத்தனை நாள் என்பது உங்களுக்கே தெரியும்.

இனி விலை. அவர் யோசிப்பதைக் குறை சொல்ல மாட்டேன், ஒரு ஊசி போட்டால் அந்த மாதக் கணக்கே உதைக்கும். ஆனாலும் தொண்டைக்கு மட்டும் என்று எடுத்து வைப்பது தப்புக் கணக்கு. முகத்திலோ உதட்டிலோ ஆரம்பிக்கிற வீக்கம் தொண்டைக்கு இறங்கலாம், அது எப்போது இறங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. முகம், நாக்கு, கழுத்து, தொண்டை என்றால் விலையைப் பற்றிப் பேச்சே கூடாது, உடனே போட வேண்டும். வயிற்றுவலிக்கும் போடுங்கள், வலியில் சுருண்டு கிடப்பதைப் பொறுமை என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். கை கால் வீக்கத்துக்கும் போடலாம் என்பதுதான் மருத்துவ வழிகாட்டுதல். கைக்காசு இடம் கொடுக்கவில்லை என்றால், எந்தத் தடவை போடுவது எந்தத் தடவை விடுவது என்பதை உங்கள் டாக்டரோடு உட்கார்ந்து முன்கூட்டியே முடிவு செய்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வீக்கம் வந்த பிறகு வீட்டில் விவாதம் நடக்கக் கூடாது. ஒன்றைப் போட்டால் உடனே இன்னொன்றுக்குச் சொல்லிவிடுங்கள், கையிருப்பில் எப்போதும் இரண்டு இருக்கட்டும்.

போடும் முறை. கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ஊசிக்குழலைத் தூக்கிப் பாருங்கள், உள்ளே 3 மில்லி மருந்து தண்ணீர் மாதிரித் தெளிவாக இருக்க வேண்டும், கலங்கியிருந்தாலோ நிறம் மாறியிருந்தாலோ போடாதீர்கள். தொப்புளிலிருந்து ஒரு நாலு விரல் கீழே, இடப்பக்கமோ வலப்பக்கமோ, தழும்பும் வீக்கமும் இல்லாத இடமாகப் பாருங்கள் (அவருக்கு ஆபரேஷன் தழும்பு வலப்பக்கம் இருக்கும், அதைத் தவிர்த்துவிடுங்கள்). பஞ்சால் துடைத்துக் காயவிட்டு, தோலைக் கொஞ்சம் மடிப்பாகப் பிடித்துக்கொண்டு ஊசியை உள்ளே இறக்கி மெதுவாக அழுத்துங்கள். அவசரமே வேண்டாம், மருந்து முழுதும் இறங்க அரை நிமிடமாவது ஆக வேண்டும், ஒன்று இரண்டு என்று மனசுக்குள் முப்பது வரை எண்ணுங்கள். மருந்து முழுதும் இறங்கும் வரை தோலை விடக் கூடாது. மணி என்ன என்று குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் ஒரு ஊசியே போதும், இரண்டு மணி நேரத்தில் தணிவது தெரியும். தணியவில்லை என்றால் டாக்டரைக் கேட்டுக்கொண்டு 6 மணி நேரம் கழித்து இன்னொன்று போடலாம். 24 மணி நேரத்தில் மூன்றுக்கு மேல் கூடாது.

தொண்டை அடைக்கிறது, குரல் மாறுகிறது, எச்சில் விழுங்க முடியவில்லை என்றால் முதலில் ஊசி, அடுத்த நிமிடம் 108. ஊசி போட்டாயிற்றே என்று வீட்டில் உட்காரவே கூடாது. வண்டி வர நேரமாகும் என்றால் கிடைக்கிற காரில் ஏற்றி, மூச்சுவிடத் தொண்டைக்குள் குழாய் போடும் வசதி உள்ள ஆஸ்பத்திரிக்கு, உங்களுக்கு ஐகிரவுண்டுக்கு (நெல்லை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு), கொண்டு போங்கள்.

வைக்கிற இடம்: 25 டிகிரிக்கு மேல் சூடு ஆகக் கூடாது, உறையவும் கூடாது. நம்ம ஊர் சித்திரை வெயிலில் ஓட்டு வீட்டு அலமாரி ஆகவே ஆகாது. ஃப்ரிட்ஜில் நடுத்தட்டில் வையுங்கள், ஐஸ் பிடிக்கும் பெட்டிக்குள் வேண்டாம். வீட்டில் ஃப்ரிட்ஜ் இல்லை என்றால் பக்கத்து வீட்டில் கேட்டு வைக்கலாம், ஆனால் அவர்கள் வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போகும் நாளை நீங்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டும். ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோவிலில் போய்த் தங்குகிற குடும்பம் என்றால் சின்ன ஐஸ் பெட்டியில், ஊசியைத் துணியில் சுற்றி, ஐஸ் நேரடியாகப் படாமல் கூடவே கொண்டு போங்கள். மலைக்குள் செல்போன் எடுக்காது, ஆஸ்பத்திரியும் தூரம். ஊசி கையில் இருக்க வேண்டியது அங்கேதான்.

அத்தையிடம் இதைச் சொல்லுங்கள்: போட்ட இடம் சிவக்கும், எரியும், கொஞ்சம் தடிக்கும், சில மணி நேரத்தில் போய்விடும், போட்டுக்கொள்கிற அத்தனை பேருக்கும் கிட்டத்தட்ட இது வரும். தலைசுற்றல் வரலாம், அன்றைக்கு பைக் ஓட்ட வேண்டாம். மாரடைப்போ பக்கவாதமோ வந்தவராக இருந்தால் மட்டும் டாக்டரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும்.

கேள்வி: எனக்கு இந்த வீக்க நோய் இருக்கிறது. என் மகளுக்கு 9 வயது, இதுவரை ஒன்றும் வந்ததில்லை. சொந்த அத்தை மகளைக் கட்டியதால்தான் பிள்ளைகளுக்கும் இது வரும் என்கிறார்கள். பரிசோதனை செய்ய வேண்டுமா? வெளியில் தெரிந்தால் நாளைக்குக் கல்யாணத்துக்குத் தடையாகுமே என்று வீட்டில் தயங்குகிறார்கள். (விக்கிரமசிங்கபுரம் வாசகர்)

பதில்: அண்ணாச்சி, சொந்தத்தில் கட்டியதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. அப்பா அம்மா இருவரில் ஒருவருக்கு இருந்தாலே ஒவ்வொரு பிள்ளைக்கும் வர 50 சதவீத வாய்ப்பு, ஆணோ பெண்ணோ. நீங்கள் அசலில் கட்டியிருந்தாலும் இதே கணக்குதான். உங்கள் மனைவி மேல் யாரும் பழி போட விடாதீர்கள். வேறு சிலருக்குக் குடும்பத்தில் யாருக்குமே இல்லாமல் புதிதாகவும் வரும்.

பரிசோதனை கட்டாயம் செய்யுங்கள். சி4 என்ற இன்னொரு ரத்தப் புரதம், சி1 இன்ஹிபிட்டர் அளவு, அதன் செயல்பாடு, இந்த மூன்றும் ரத்தத்திலேயே தெரியும். இதுவரை வரவில்லை என்பதை வைத்து இல்லை என்று சொல்ல முடியாது, பெண் பிள்ளைகளுக்கு வயதுக்கு வரும் சமயத்தில் ஆரம்பிப்பதும் கூடுவதும் உண்டு. கல்யாணப் பேச்சுக்கு இன்னும் எவ்வளவோ காலம் இருக்கிறது. அதற்குள் பள்ளிக்கூடத்தில் ஒரு நாள் அவளுக்கு உதடு வீங்கினால், டீச்சருக்கு விவரம் தெரிந்திருப்பதுதான் பிள்ளையைக் காப்பாற்றும். தயவுசெய்து மறைக்காதீர்கள். இருக்கிறது என்று தெரிந்தால் உங்கள் ஊசியை அப்படியே அவளுக்குப் போட்டுவிடாதீர்கள், சின்னவர்களுக்கு எடையைப் பார்த்து அளவு குறையும், அதைக் குழந்தைகள் டாக்டர்தான் சொல்ல வேண்டும். வளர்ந்த பிறகு ஈஸ்ட்ரோஜன் உள்ள மாத்திரை எதையும் டாக்டரைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது என்பதையும் அவள் அம்மாவிடம் சொல்லி வையுங்கள்.

கேள்வி: ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸாக இருக்கிறேன். முகம் வீங்கி வந்த ஒருவர், பையில் இகாடிபான்ட் ஊசியும் டாக்டர் சீட்டும் வைத்திருந்தார். அலர்ஜிக்குப் போடுவதைப் போட்டு அனுப்பினோம். அவர் கொண்டுவந்ததைப் போட்டிருக்கலாமா? (வள்ளியூர் பக்கத்திலிருந்து)

பதில்: அதைத்தான் முதலில் போட்டிருக்க வேண்டும், சிஸ்டர். சீட்டில் நோயின் பெயர் எழுதியிருந்தால் உங்கள் டாக்டரிடம் போனில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு உடனே போடுங்கள். அலர்ஜியா இதுவா என்று சந்தேகம் இருக்கிறது, மூச்சும் திணறுகிறது என்றால் அட்ரினலின் போடுவதில் தவறில்லை, ஆனால் அது கேட்கிறதா பார்ப்போம் என்று காத்திருக்க வேண்டாம், மூச்சுக்குழாய் போடக்கூடிய இடத்துக்கு அனுப்பிக்கொண்டே இருங்கள். ஊசி கையில் இல்லாதவர் வந்தால் பெரிய ஆஸ்பத்திரியில் உறைநிலை பிளாஸ்மா (ரத்தத்தின் நீர்ப்பகுதி) ஏற்றுவார்கள், அதில் சி1 இன்ஹிபிட்டர் புரதம் இருக்கிறது. இன்னொன்றும் கேளுங்கள்: பிரஷருக்கு எனலாப்ரில், ராமிப்ரில் மாதிரி ஏதாவது சாப்பிடுகிறாரா? பரம்பரை வீக்க நோய் உள்ளவருக்கு அந்த வகை மாத்திரை ஆகாது. நோய் இல்லாதவருக்கும் அந்த மாத்திரையாலேயே இதே மாதிரி வீக்கம் வருவதுண்டு.

கேள்வி: எனக்கும் இதே நோய்தான். அடுத்த வாரம் கடைவாய்ப்பல் எடுக்க வேண்டும். பயமாக இருக்கிறது. (அம்பாசமுத்திரம் வாசகி)

பதில்: பயம் நியாயமானது, பல் எடுத்த பிறகு தொண்டை வீங்குவது இந்த நோயில் தெரிந்த விஷயம். உங்களைப் பார்க்கும் டாக்டரும் பல் டாக்டரும் பேசிக்கொள்ளாமல் நாற்காலியில் உட்காராதீர்கள். எடுப்பதற்கு முன்னால் சி1 இன்ஹிபிட்டர் மருந்து கொடுப்பதுதான் சரியான முறை, அது கிடைக்காத இடத்தில் பிளாஸ்மா ஏற்றுவார்கள். இதற்கு வசதியுள்ள ஆஸ்பத்திரியாகப் பார்த்து, காலை நேரமாகக் கேட்டு வாங்குங்கள், மாலையில் எடுத்துவிட்டு ராத்திரியில் அலைய வேண்டாம். இகாடிபான்ட் இரண்டு பையில் இருக்கட்டும். வீக்கம் அன்றைக்கே வர வேண்டும் என்றில்லை, மறுநாளும் வரலாம், அதனால் இரண்டு நாளைக்கு ராத்திரி தனியாகப் படுக்காதீர்கள், பக்கத்தில் படுப்பவருக்கு ஊசி போடத் தெரிந்திருக்க வேண்டும்.