பட்டையில் குடித்த பதநீர்

கேள்வி: சாயல்குடிக்குப் பக்கத்துக் கிராமம் எனக்குச் சொந்த ஊர். பிழைப்புக்காகச் சென்னைக்கு வந்து பல வருடங்கள் ஆகின்றன. கோடையில் சாலையோரம் பதநீர்ப் பானையைக் கண்டால் வண்டியை நிறுத்தாமல் போக மாட்டேன். ஆனால் ஊரில் குடித்த ருசி ஒருமுறையும் வாய்த்ததில்லை. "அது சின்ன வயசு நாக்கு, இனி வராது" என்கிறார் என் மனைவி. குறை என் நாக்கிலா, பதநீரிலா? (வாசகர், சென்னை)

பதில்: பெரும்பகுதி பதநீரில்தான். சாயங்காலம் பாளையைச் சீவிக் கலயத்தைக் கட்டிவிட்டு இறங்குகிற பனையேறி, விடிவதற்கு முன்பே மறுபடியும் மரமேறி அதை இறக்குகிறார். கலயத்தின் உட்புறத்தில் அவர் தடவியிருக்கும் சுண்ணாம்புதான் பதநீரைப் பதநீராக வைத்திருக்கிறது. நூற்றுக்குப் 10 பங்குக்குக் குறையாமல் சர்க்கரை உள்ள சாறு அது. சுண்ணாம்பு இல்லாவிட்டால் காற்றிலும் பாளையிலும் இருக்கும் ஈஸ்ட் அதில் புகுந்து, நம் கடற்கரை வெக்கையில் சில மணி நேரத்துக்குள் அதைக் கள்ளாக்கிவிடும். சுண்ணாம்பு அந்த மாற்றத்தைத் தள்ளிப்போடுமே தவிர, அடியோடு நிறுத்திவிடாது. நீங்கள் சிறுவயதில் குடித்தது, இரவுக் குளிர்ச்சி கலயத்தை விட்டு அகலாத வேளையில், மரத்தடியிலேயே வடிகட்டிப் பனையோலைப் பட்டையில் ஊற்றிய சாறு. சென்னையில் உங்களுக்குக் கிடைப்பதோ எங்கிருந்தோ வண்டியேறி வந்தது. வழியில் புளித்துவிடக் கூடாதே என்று சுண்ணாம்பைக் கூட்டியிருப்பார்கள். அதனால்தான் குடித்து முடித்த பின்பும் நாக்கில் ஒரு சொரசொரப்பு நிற்கிறது. மேலும் ஐஸ் போட்டால் இனிப்பு மங்கித் தெரியும். அந்த மங்கலை ஈடுகட்டச் சர்க்கரையோ சாக்கரினோ கலப்பவர்களும் உண்டு. அவர்களைப் பற்றி இங்கே நல்ல வார்த்தை சொல்வதற்கு என்னிடம் எதுவும் இல்லை.

பட்டையையும் மறந்துவிடாதீர்கள். பச்சைக் குருத்தோலையை மடித்துக் கட்டிய அந்தக் குடுவையில் வாய் வைக்கும்போது, ஓலையின் வாசனை முதலில் மூக்கில் ஏறி, அதற்குப் பிறகுதான் சாறு நாக்கைத் தொடும். பிளாஸ்டிக் டம்ளரில் அந்த முதல் பாதி இல்லவே இல்லை. நுங்கைத் தோண்டிப் போட்டோ, மாங்காயை நறுக்கிப் போட்டோ குடித்தவர்களுக்கு இழப்பு இன்னும் கூடுதல். உங்கள் மனைவி சொல்வதிலும் ஒரு சிறு பங்கு உண்மை இருக்கிறது: விடிந்ததும் விடியாததுமாக வெறும் வயிற்றோடு தோட்டத்துக்கு ஓடிய பிள்ளையின் பசியை, அலுவலகம் போகும் வழியில் காரை நிறுத்துகிறவரிடம் எதிர்பார்க்க முடியாது.

கேள்வி: கீழக்கரையிலிருந்து அம்மா கருப்பட்டி அனுப்புகிறார். அதைத் தண்ணீரில் கரைத்தால் பதநீர் வந்துவிடாதா? (வாசகி, அபுதாபி)

பதில்: வராது. பதநீரை மணிக்கணக்காகக் காய்ச்சிப் பாகாக்கிச் சிரட்டையில் ஊற்றி எடுப்பதுதான் கருப்பட்டி. அடுப்பில் ஏறிய உடனேயே பச்சைச் சாற்றின் மணம் ஆவியோடு போய்விடுகிறது. சர்க்கரை வெந்து, அதற்கே உரிய கருகல் வாசனை உண்டாகிறது. அதில் எவ்வளவு தண்ணீர் விட்டாலும் போன மணம் திரும்பாது. சூடுபடுத்திப் பாட்டிலில் அடைத்த பதநீரிலும் இதே வெந்த வாசனை இலேசாக அடிப்பது அதனால்தான். இல்லாத ஒன்றுக்குப் போலி செய்வதைவிட, அந்தக் கருப்பட்டியில் சுக்கும் ஏலமும் தட்டிப் போட்டு, எலுமிச்சை பிழிந்து பானகமாகக் குடியுங்கள். அபுதாபி வெயிலுக்கு அது குறைந்ததல்ல, அம்மா அனுப்பியதற்கும் மரியாதை.

கேள்வி: ஆசையாக வாங்கிக் கொடுத்த பதநீரை, "சுண்ணாம்பு நாறுகிறது" என்று பேரன் துப்பிவிட்டான். மனசு கஷ்டமாக இருக்கிறது. (வாசகி, மதுரை)

பதில்: பேரன் சொன்னது சரியாகவே இருக்கக்கூடும், அம்மா. நல்ல பதநீரில் சுண்ணாம்பு இருப்பது தெரியும், ஆனால் நாறாது. அடுத்த கோடையில் ஊருக்கு அழைத்துப் போய்க் கொடுத்துப் பாருங்கள். அப்போதும் பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள்; உங்களுடைய ஏக்கத்தை அவன் சுமக்க வேண்டியதில்லை.

கேள்வி: சித்திரை விடுமுறையில் குடும்பத்தோடு இராமேசுவரம் வருகிறோம். சிறுவயதில் மண்டபத்தில் வளர்ந்தவன் நான். நல்ல பதநீர் எங்கே, எப்படிக் கிடைக்கும்? (வாசகர், கோவை)

பதில்: மாதம் சரியானது. மாசி தொடங்கி ஆனி வரையில் பாளை சீவுவார்கள். பங்குனியும் சித்திரையும் நல்ல வரத்து உள்ள காலம். இராமநாதபுரத்திலிருந்து கீழக்கரை, ஏர்வாடி வழியாகச் சாயல்குடிக்குப் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையின் இருபுறமும் பனங்காடுகள் உண்டு. விடுதியில் காலை உணவை முடித்துக்கொண்டு கிளம்பினால் காரியம் நடக்காது. சூரியன் மேலே ஏறுவதற்குள் அங்கே இருக்க வேண்டும். சாலையோரப் பானையை நம்பாமல், ஊருக்குள் போய்ப் பனையேறும் வீடு எது என்று விசாரியுங்கள். "சுண்ணாம்பு போடாத சாறு கிடைக்குமா" என்று மட்டும் அவரிடம் கேட்டுவிடாதீர்கள். தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை இருக்கிறது. உங்கள் ஒரு நாள் ஆசைக்காக அவர் வழக்கில் மாட்டிக்கொள்ளக் கூடாது.

இன்னொன்று, விலை பேசாதீர்கள். பதநீருக்காக ஏங்குவதாகப் பக்கம் பக்கமாக எழுதுகிறவர்களே பட்டைக்குப் பத்து ரூபாய் குறைக்கச் சொல்லி மல்லுக்கு நிற்பதைப் பார்த்திருக்கிறேன். பனையை மாநில மரம் என்கிறோம், அதை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் நிதிநிலை அறிக்கையில் அறிவித்தார்கள். ஆனால் மரம் நின்றால் போதுமா, ஏற ஆள் வேண்டாமா? நெஞ்சில் காய்ப்பு ஏறும் இந்த வேலைக்குப் பிள்ளைகளை அனுப்ப எந்தப் பனையேறியும் விரும்புவதில்லை, அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

கோவைக்கென்று பாட்டிலில் பிடித்துக்கொண்டு கிளம்ப வேண்டாம். காரின் சூட்டில் புளிப்பு ஏறி, மூடிய பாட்டிலுக்குள் வாயு சேர்ந்து, திறக்கும்போது மூடி தெறிக்கும். அங்கேயே நின்று, இன்னொரு பட்டை வாங்கிக் குடித்துவிட்டு வாருங்கள்.