வாசல் வரை வந்து திரும்பிவிடும் கணவர்

கேள்வி: திருகோணமலை உப்புவெளியில் வசிக்கிறேன். கலியாணம் முடித்து ஐந்து வருடம். கணவர் இலிகிதராக வேலை செய்கிறார். குடியில்லை, சண்டையில்லை. ஆனால் என் தங்கையின் கலியாண வீட்டுக்கு உடுத்து வெளிக்கிட்ட பிறகு, வாசலில் நின்று “நீர் போம், எனக்குத் தலையிடி” என்றார். பதவி உயர்வு நேர்முகத்துக்கும் போகவில்லை. “நீங்கள் வாங்கிவந்த மீன் பழசு” என்று சொன்னதற்கு இரண்டு நாள் கதைக்கவில்லை. இது தவிர்க்கும் ஆளுமைக் கோளாறா? நான் என்ன செய்யலாம்?

பதில்: கடிதத்தை வைத்து நோய்க்குப் பெயர் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் எழுதியதில் எங்கள் கண்ணில் பட்டது கலியாண வீடல்ல, மீன்தான். சபைக்கூச்சம் உள்ளவர்கள் ஊரில் நிறையப் பேர். வீட்டுக்குள் வந்தால் கலகலப்பாகிவிடுவார்கள். தவிர்க்கும் ஆளுமைக் கோளாறு உள்ளவருக்குக் கட்டின மனைவிக்கு முன்னாலும் அதே பயம். “மீன் பழசு” என்பது அவர் காதில் “நீ ஒன்றுக்கும் உதவாதவன்” என்றே விழும். அந்த இரண்டு நாள் மௌனத்தைக் கோபம் என்று எடுத்திருப்பீர்கள். பெரும்பாலும் அது வெட்கம்.

மனநல வைத்தியர்கள் பயன்படுத்தும் டி.எஸ்.எம்-5 (2013) கைநூல் இதற்கு 7 அடையாளங்கள் சொல்கிறது: விமர்சனத்துக்குப் பயந்து வேலைப் பொறுப்புகளைத் தட்டிக்கழிப்பது, தன்னைப் பிடிக்கும் என்று நிச்சயமானால் மட்டும் பழகுவது, நெருங்கிய உறவிலும் மனம் திறக்காதது, தன்னைக் குறைந்தவன் என்று நம்புவது போன்றவை. குறைந்தது 4 இருக்க வேண்டும். இளவயதிலேயே தொடங்கிப் பல இடங்களிலும் தொடர வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனை திருகோணமலையில் முக்கியம். போரும் 2004 சுனாமியும் கண்ட ஊர் இது. முன்பு நண்பர்களோடு திரிந்த ஆள் ஒரு சம்பவத்துக்குப் பிறகு ஒடுங்கிப்போனார் என்றால் தேட வேண்டியது மன வடுவையோ மனச்சோர்வையோதான். அதற்கு வைத்தியம் வேறு. ஆகவே அவரைப் பள்ளிக்கூட வயதில் கண்ட மாமியிடம் மெல்லக் கேட்டுப் பாருங்கள்.

இவர்களுக்கு ஆட்கள் வேண்டாம் என்றில்லை. வேண்டும், ஆனால் “என்னை அறிந்தால் விட்டுவிடுவார்கள்” என்று முன்கூட்டியே தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். வாசலில் இருந்து திரும்பிய அந்த நிமிடமே நெஞ்சுப் படபடப்பு அடங்கிவிடுகிறது. அந்த நிம்மதிதான் பயத்துக்குத் தீனி. சபையில் நீங்கள் “அவருக்கு வேலை” என்று சொல்லும் சாட்டும் அதே தீனிதான். அன்பாகத்தான் செய்கிறீர்கள், ஆனால் நிறுத்துங்கள். “அவர் வரவில்லை” என்று மட்டும் சொன்னால் போதும். நீங்கள் போவதையும் விடாதீர்கள்.

குறை சொல்லும்போது பொருளைச் சொல்லுங்கள், ஆளை விடுங்கள், அடுத்ததையும் சேருங்கள்: “இந்தப் பாரை கொஞ்சம் பழசு, பரவாயில்லை, பொரிப்பம். நாளைக்குச் செவுளைப் பார்த்து வாங்குவம்.” மாமா, அண்ணா முன்னால் ஒரு சொல்லும் வேண்டாம். மௌனமானால் துரத்திக் கேட்காமல், “நான் கோபமில்லை, பின்னேரம் தேத்தண்ணி குடிக்கேக்க கதைப்பம்” என்று நேரம் குறித்துவிட்டு, அந்த நேரத்தில் கட்டாயம் கதையுங்கள். குறித்த நேரத்தை நீங்களே மறந்தால் முழு முயற்சியும் வீண்.

வெளியே போவதைப் படிப்படியாகச் செய்ய வேண்டும். அவர் அஞ்சும் இடங்களை அவரே எழுதி ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 100 வரை பயப் புள்ளி போடட்டும். 30 அளவில் உள்ளதில் தொடங்குங்கள்: கூட்டமில்லாத நேரத்தில் கடற்கரையில் தெரிந்த ஒருவரோடு 10 நிமிடம் கதைப்பது போல ஒன்று. போகுமுன் “என்ன நடக்கும் என்று நினைக்கிறீர்கள்” என்பதை ஒரு வரியில் எழுதவும். “எல்லாரும் என்ர சம்பளத்தைக் கேப்பினம்” என்று எழுதியிருந்தால், திரும்பி வந்து எத்தனை பேர் கேட்டார்கள் என்று எழுதவும். பயப் புள்ளி பாதியாகும் வரை அதே படியைத் திரும்பச் செய்துவிட்டு மேலே போகலாம். பிழை நடக்கும் இடங்கள் இரண்டு. ஒன்று, பயம் உச்சத்தில் இருக்கும்போது எழுந்து வந்துவிடுவது. மற்றது, மூலையில் கைத்தொலைபேசிக்குள் தலையை விட்டுக்கொண்டு நேரத்தைக் கடத்துவது. உடல் போயிருக்கும், பயம் குறையாது. ஒரேயடியாக 500 பேர் கூடும் மண்டபத்துக்கு இழுத்துப்போனால் ஆறு மாத வேலை கெட்டுவிடும்.

இந்தக் கோளாற்றுக்கென்று தனி மாத்திரை கிடையாது. கூடவே மனச்சோர்வோ பதற்றமோ இருந்தால் வைத்தியர் மருந்து தருவார். அது வேலைசெய்யச் சில வாரம் எடுக்கும், தானாக நிறுத்தக்கூடாது. பலன் தருவது உளச்சிகிச்சை, அதுவும் மாதக்கணக்கில். இடையில் விட்டுவிடுவது இவர்களிடம் சகஜம், ஏனென்றால் வைத்தியரும் தன்னை எடைபோடுகிறார் என்று தோன்றும். அதை முதல் நாளே வைத்தியரிடம் சொல்லிவைப்பது நல்லது. சாவதைப் பற்றிக் கதைத்தால் காத்திராமல் தேசிய மனநல உதவி இலக்கமான 1926ஐ அழையுங்கள்.

அவர் வர மறுத்தால் முதலில் நீங்கள் மட்டும் அரசாங்க ஆஸ்பத்திரி மனநல கிளினிக்குக்குப் போகலாம். எப்போது தொடங்கியது, எதைத் தவிர்க்கிறார், வீட்டில் எதற்கு மௌனமாகிறார் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். மீன் கதையையும் அதில் எழுதுங்கள்.