இடுப்புக்குக் கீழே உதைக்கலாமா? கிக் பாக்சிங் கேள்வி பதில்

எங்கள் ஊரில் ஒரே ஹாலில் திங்கள், புதன் கிக் பாக்சிங். செவ்வாய், வியாழன் முவாய் தாய். மாஸ்டரும் ஒருவரே. இரண்டும் ஒன்றுதானா?
*– திருச்சி வாசகர்*

நெருங்கிய சொந்தம்தான், ஆனால் ஒன்றல்ல. முவாய் தாய் தாய்லாந்தின் கலை. முஷ்டி, முழங்கை, முழங்கால், கணைக்கால் என்று இரண்டிரண்டாக எட்டு ஆயுதங்கள் அதில் உண்டு. எதிராளியின் கழுத்தைக் கட்டிப் பிடித்து முழங்காலால் இடிக்கலாம், நிலைகுலையச் செய்து கீழே தள்ளலாம். கிக் பாக்சிங் என்ற பெயர் ஜப்பானில் பிறந்தது. ஒசாமு நொகுச்சி என்ற பாக்சிங் புரமோட்டர் தாய்லாந்துச் சண்டையையும் கராத்தேயையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, 1966-ல் அந்தப் பெயரில் போட்டி நடத்தினார். 1993-ல் கசுயோஷி இஷி தொடங்கிய கே-1 போட்டிகள் அதை உலகம் முழுக்கக் கொண்டுபோயின. கே-1-ல் முழங்கை கிடையாது. கட்டிப் பிடித்தால் நடுவர் சீக்கிரமே பிரித்துவிடுவார்.

ரவுண்டுக் கணக்கும் சண்டையை மாற்றிவிடுகிறது. முவாய் தாயில் 3 நிமிட ரவுண்டு ஐந்து, நடுவே 2 நிமிட ஓய்வு. அதனால் முதல் ரவுண்டில் ஆழம் பார்த்து நிதானமாக ஆரம்பிப்பார்கள். கே-1-ல் மூன்றே ரவுண்டு என்பதால் முதல் மணியிலேயே கைகள் பறக்கும்.

உங்கள் ஹாலைச் சோதிக்க ஒரு வழி உண்டு. செவ்வாய்க்கிழமை வகுப்பில் கழுத்துப் பிடிக்கென்று தனியாக நேரம் ஒதுக்குகிறார்களா என்று பாருங்கள். இல்லையென்றால் நான்கு நாளும் நடப்பது கிக் பாக்சிங்தான்.

மகளுக்கு 13 வயது. போட்டிக்கான ஃபாரத்தில் பாயின்ட் ஃபைட்டிங், லைட் கான்டாக்ட், கிக் லைட், ஃபுல் கான்டாக்ட், லோ கிக், கே-1 என்று ஆறு பெயர்கள். எதில் சேர்ப்பது?
*– மதுரை வாசகி*

முதல் மூன்றும் பாய் விரித்த தளத்தில் நடப்பவை, அடுத்த மூன்றும் ரிங்கில் நடப்பவை. முதலில் இந்தக் கோட்டைப் போட்டுக்கொள்ளுங்கள். இந்த வயதில் ரிங் பக்கம் போக வேண்டாம்.

பாயின்ட் ஃபைட்டிங்கில் ஒரு அடி சுத்தமாகப் பட்டதும் ஆட்டத்தை நிறுத்திப் புள்ளி கொடுப்பார்கள். குத்துக்கு 1, தலைக்கு உதைத்தால் 2, எகிறித் தலைக்கு உதைத்தால் 3. கராத்தே, டேக்வாண்டோ பழகிய பிள்ளைகளுக்கு இது கைவந்த ஆட்டம். லைட் கான்டாக்டில் நிறுத்தாமல் தொடர்ந்து ஆட வேண்டும், ஆனால் பலத்தை அடக்கி அடிக்க வேண்டும். கிக் லைட்டும் அப்படியே. கூடுதலாகத் தொடையில் உதைக்கலாம். மகளை முதல் வருடம் லைட் கான்டாக்டில் சேர்க்கச் சொல்வோம். மூச்சு, தூரக் கணக்கு, அடித்த பிறகும் கையை முகத்தருகே வைத்திருக்கும் பழக்கம் மூன்றும் அதில்தான் சேர்ந்து வரும்.

ரிங் பிரிவுகளில் ஃபுல் கான்டாக்ட் என்றால் உதை இடுப்புக்கு மேலே மட்டும். லோ கிக்கில் தொடையையும் உதைக்கலாம். கே-1 பிரிவில் முழங்காலால் இடிக்கவும் செய்யலாம்.

ஏழு வருடம் கராத்தே பழகியவன், பிளாக் பெல்ட். கிக் பாக்சிங் ஸ்பாரிங்கில் (ஜோடி சேர்ந்து ஆடும் பயிற்சிச் சண்டையில்) மட்டும் மூக்கில் வாங்கிக்கொண்டே இருக்கிறேன். ஏன்?
*– கோவை வாசகர்*

உங்கள் கராத்தே விதி எதைத் தடுத்ததோ, அந்த இடத்தில்தான் உங்கள் உடம்பில் ஓட்டை இருக்கும். எந்தக் கலையிலிருந்து வந்தவருக்கும் இதுதான் கணக்கு. கியோகுஷின் கராத்தேயில் முகத்தில் முஷ்டியால் குத்தக் கூடாது. அதனால் வயிறும் தொடையும் கல்லாக இறுகியிருக்கும், கைகள் மட்டும் நெஞ்சளவில் தங்கிவிடும். புள்ளிக் கராத்தேயில் ஒரு அடி விழுந்ததும் நடுவர் நிறுத்துவார். அதில் வளர்ந்தவர் அடித்துவிட்டு ஒரு கணம் அப்படியே நிற்பார். மூக்கில் வாங்குவது அந்த ஒரு கணத்தில்தான். குத்திய கையை இடுப்புக்கு இழுக்கும் பழக்கமும் இருந்தால் கேட்கவே வேண்டாம்.

குத்திய கை எந்த வழியாகப் போனதோ அதே வழியாகக் கன்னத்துக்குத் திரும்ப வேண்டும். ஆறு வாரத்துக்கு உதையே இல்லாமல், வாரம் இரண்டு நாள், ஜாப் (முன்கையால் விடும் நேர்க்குத்து) மட்டும் வைத்து மூன்று ரவுண்டு ஸ்பாரிங் செய்யுங்கள். தாடையை நெஞ்சுப் பக்கம் இறக்கி, ஜாப் விடும்போது அந்தத் தோளால் தாடையை மறைக்கப் பழகுங்கள்.

பாக்சிங்கிலிருந்து வருபவருக்குத் தொல்லை வேறு. முன்காலில் பாரத்தைப் போட்டுப் பக்கவாட்டில் நிற்பார். அந்தத் தொடை லோ கிக்குக்குத் திறந்து கிடக்கும். இடுப்பை வளைத்துக் குனிந்து தப்பிக்கப் பார்ப்பார். முகம் நேரே முழங்காலுக்கு வந்து சேரும். டேக்வாண்டோவிலிருந்து வருபவர் காலால் அற்புதமாகப் பேசுவார், ஆனால் ஒருவர் கை எட்டும் தூரத்துக்குள் புகுந்துவிட்டால் திணறுவார்.

1988 நவம்பரில் லாஸ் வேகாஸில் நடந்த ஒரு சண்டை இதற்கு நல்ல சாட்சி. அமெரிக்காவின் ரிக் ரூஃபஸ், தாய்லாந்தின் சாங்புவெக். முதல் ரவுண்டிலேயே ரூஃபஸின் கை சாங்புவெக்கின் தாடையை உடைத்துவிட்டது. முழங்கையும் முழங்காலும் அன்று தடை. லோ கிக் மட்டும் அனுமதி. ரூஃபஸ் வளர்ந்த அமெரிக்க விதியில் இடுப்புக்குக் கீழே உதையே இல்லை. தொடையில் விழும் உதைக்குக் கால் தூக்கித் தடுக்க வேண்டும் என்பது அவர் உடம்புக்குத் தெரியவில்லை. நான்காவது ரவுண்டில் நிற்க முடியாமல் தோற்றார்.

லோ கிக் உதைத்தால் எதிராளியைவிட என் பாதம்தான் வீங்குகிறது. சோடா பாட்டிலால் கணைக்காலை உருட்டித் தேய்த்தால் இறுகும் என்கிறார்களே?
*– சேலம் வாசகர்*

பாட்டிலை முதலில் தூக்கி எறியுங்கள். அது எலும்பைப் போர்த்தியிருக்கும் சவ்வைத்தான் புண்ணாக்கும்.

பாதம் வீங்குகிறது என்றால் புறங்காலால் உதைக்கிறீர்கள். புறங்கால் சின்னச் சின்ன எலும்புகளால் ஆனது, எதிராளியின் முழங்காலில் பட்டால் உடைந்துவிடும். கணைக்காலின் கீழ்ப்பாதிதான் பட வேண்டும். தூரத்தில் நின்று உதைப்பதால்தான் புறங்கால் படுகிறது. அரை அடி உள்ளே போங்கள்.

வலக்கால் உதை என்றால் வரிசை இது. இடக்காலைச் சற்றுக் குறுக்காக இடப்பக்கம் எடுத்து வைத்து, வைக்கும்போதே விரல்களை வெளிப்பக்கம் திருப்புங்கள். இடக் குதிகால் தரையை விட்டு எழ, அந்தப் பாதத்தின் முன்பகுதியின் மேல் உடம்பு முழுதும் சுழலட்டும். இடுப்பு திரும்பிய பிறகே கால் வர வேண்டும். வலக்கை தொடையை ஒட்டிக் கீழே வீசும், இடக்கை கன்னத்தை விட்டு அசையாது. அடி விழ வேண்டியது எதிராளியின் வெளித்தொடையில், முழங்காலுக்கு ஒரு சாண் மேலே. ஊன்றிய பாதம் திரும்பாமல் இடுப்பு மட்டும் திரும்பினால் அந்த முறுக்கு முழுதும் உங்கள் முழங்காலில் இறங்கும். புதியவர்களுக்கு முழங்கால் வலி வருவது பெரும்பாலும் இதனால்தான்.

வெறுமனே லோ கிக் விடாதீர்கள். ஜாப், கிராஸ் (பின்கையால் விடும் நேர்க்குத்து), இடது ஹூக் (முழங்கையை மடக்கிப் பக்கவாட்டில் விடும் குத்து) விட்டு, அவர் கை உயர்ந்து பாரம் முன்காலுக்கு வந்ததும் உதையுங்கள். கைத்தொடரை லோ கிக்கில் முடிப்பது நெதர்லாந்துக்காரர்களின் முத்திரை. டோக்கியோவில் கென்ஜி குரோசாகி என்ற பயிற்சியாளரிடம் கற்ற நெதர்லாந்தின் யான் பிளாஸ், 1978-ல் ஆம்ஸ்டர்டாமில் மெஜிரோ ஜிம் தொடங்கி அதை அங்கே வேரூன்ற வைத்தார்.

கணைக்கால் இறுகுவது தொங்கவிட்ட பயிற்சி பேக்கை உதைத்து உதைத்துத்தான். வாரம் மூன்று நாள், காலுக்கு 50 உதை, பாதி பலத்தில் தொடங்குங்கள். மணல் மட்டும் நிரப்பிய பேக் வேண்டாம். மணல் இறங்கி அடிப்பாகம் சிமென்ட் போல ஆகிவிடும். கிழிந்த துணி அடைத்ததே நல்லது. எலும்பில் ஒரே புள்ளியை விரலால் அழுத்தும்போது சுரீரென்று வலித்து, ஒரு வாரம் ஆகியும் குறையவில்லை என்றால் கீறல் விழுந்திருக்கலாம். உதைப்பதை நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரைப் பாருங்கள்.

எதிராளி கால் தூக்கித் தடுத்தால் இறுகிய காலுக்கும் ஆபத்துதான். 2013 டிசம்பரில், பல கலைகளும் கலந்த எம்எம்ஏ சண்டை ஒன்றில், ஆண்டர்சன் சில்வாவின் லோ கிக்கை கிறிஸ் வைட்மன் முழங்காலருகே தடுத்தார். சில்வாவின் கால் முறிந்தது. 2021 ஏப்ரலில் அதே வைட்மன் உதைத்து, உரையா ஹால் தடுத்து, இவர் கால் முறிந்தது. கைகளால் மறைத்து ஏமாற்றாமல் முழு பலத்தில் லோ கிக் விடக் கூடாது என்று நாங்கள் விடாமல் சொல்வது இதற்காகத்தான்.

ஒலிம்பிக்கில் எப்போது?
*– தஞ்சை வாசகர்*

2021 ஜூலையில் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி கிக் பாக்சிங்கின் உலக அமைப்பான வாகோவுக்கு முழு அங்கீகாரம் கொடுத்தது. அது கதவு திறந்ததற்குச் சமம். பதக்கப் பட்டியலில் சேர்ப்பது வேறு முடிவு.

ஹூக் அடித்தால் மணிக்கட்டு மடங்குகிறது. கிளவுஸ் மாற்றினால் சரியாகுமா?
*– நாகர்கோவில் வாசகி*

முதலில் கிளவுஸுக்குள் கையில் சுற்றும் கட்டுத் துணியைப் பாருங்கள். 180 அங்குலம், அதாவது சுமார் நாலரை மீட்டர் வேண்டும். பாதி நீளத் துணி மணிக்கட்டுக்குப் போதாது. விரல்களை நன்றாக விரித்து வைத்துக்கொண்டே கட்டுங்கள். கட்டை விரலில் கண்ணியை மாட்டி, மணிக்கட்டில் 3 சுற்று, உள்ளங்கையில் 3, பிறகு மணிக்கட்டிலிருந்து ஒவ்வொரு விரலிடுக்காகப் போய்த் திரும்பி வாருங்கள். விரல் முட்டிகள் மேல் 3 சுற்று போட்டு, மிச்சத் துணி முழுவதையும் மணிக்கட்டிலேயே முடியுங்கள். முஷ்டி பிடித்தால் இறுக வேண்டும், விரித்தால் தளர வேண்டும். விரல் நுனி மரத்தால் அவிழ்த்து மறுபடி கட்டுங்கள்.

அடி விழ வேண்டியது ஆள்காட்டி விரல், நடுவிரல் முட்டிகளில். ஹூக்கில் முழங்கை முஷ்டியைவிடக் கீழே தொங்கினால் சுண்டுவிரல் பக்கம்தான் முதலில் படும். மணிக்கட்டு மடங்குவது அப்போதுதான், சுண்டுவிரல் எலும்பு உடைவதும் அப்போதுதான். முழங்கையை முஷ்டியின் உயரத்துக்குத் தூக்கி, கண்ணாடி முன் மெதுவாக நூறு முறை செய்து பாருங்கள். வலி அடங்கும்வரை பேக்கைத் தொட வேண்டாம். ஸ்பாரிங்குக்கு வந்தால் 16 அவுன்ஸ் கிளவுஸ் போடுங்கள். ஸ்பாரிங் முடிந்து தலைவலி, குமட்டல், வெளிச்சம் கூசுவது, பேச்சில் தடுமாற்றம் இவற்றில் எது வந்தாலும் அன்றே மருத்துவரைப் பாருங்கள். அவர் சம்மதம் சொல்லும்வரை ஹாலுக்குப் போனாலும் கயிறு தாண்டக்கூட வேண்டாம்.