சிறிய ஊரில் மர அறுவை மில் நடத்துபவரின் வாழ்க்கை எப்படி இருக்கும்? அதில் லாபம் உண்டா?

என் அப்பா கன்னியாகுமரி மாவட்டத்தில், தக்கலைக்கும் குலசேகரத்துக்கும் நடுவே உள்ள ஒரு ஊரில் அறுவை மில்லும் கூடவே ஒரு மரக்கடையும் நடத்துகிறார். கணக்கு வழக்கு என் பொறுப்பு. லாபம் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு. ஆனால் ரம்பம் ஓடத் தொடங்கும்போது அது ஏற்கெனவே முடிவாகியிருக்கும். நிற்கிற மரத்தைப் பார்த்து உள்ளே என்ன இருக்கிறது என்று கணித்து விலை சொல்லத் தெரிந்தவர்தான் இந்தத் தொழிலில் தாக்குப்பிடிக்கிறார்.

எங்கள் பக்கம் அறுவைக்கு வரும் தடி பெரும்பாலும் காட்டு மரம் இல்லை. வீட்டைச் சுற்றியுள்ள புரையிடத்தில் நிற்கும் அயனி (பலா இனத்துக் காட்டு மரம்), பிலாவு (பலா), மா, தேக்கு, மகோகனி. அப்புறம் பால் குறைந்து வெட்டுக்கு வந்த ரப்பர். புரையிடத்து மரம் இங்கே குடும்பத்தின் சேமிப்பு. தாத்தா வைத்த அயனி பேத்தியின் கல்யாணத்துக்கு நகையாகும், இல்லாவிட்டால் ஆஸ்பத்திரிச் செலவுக்குப் போகும். "அண்ணாச்சி, பிள்ளைக்கு ஒரு இடம் ஒத்து வந்திருக்கு. வடக்குப் பக்கம் நிக்குற அயனிய ஒண்ணு வந்து பாக்கணும்" என்று போன் வரும். எந்த வீட்டில் என்ன நெருக்கடி என்பது சொந்தக்காரர்களுக்கு முன்பே அப்பாவுக்குத் தெரிந்துவிடும். அதை அவர் எங்களிடம்கூடச் சொல்ல மாட்டார். அவசரம் தெரிந்து விலையை அடிக்கிற வியாபாரிகளும் இருக்கிறார்கள். அந்த வீட்டில் அடுத்த மரம் விலைக்கு வரும்போது அவர்களை யாரும் கூப்பிடுவதில்லை.

மரத்தடியில் அவர் நிற்பதைப் பார்க்க வேண்டும். முதலில் பேசவே மாட்டார். ஒரு சுற்று சுற்றி வருவார். கவடு எந்த உயரத்தில் பிரிகிறது, பட்டையில் ஓடும் கோடு நேராக இருக்கிறதா முறுக்கி ஏறுகிறதா என்று பார்ப்பார். பட்டை முறுக்கினால் உள்ளே நாரும் முறுக்கியிருக்கும், அந்தப் பலகை காயும்போது வளையும். எப்போதோ கிளை முறிந்த இடம் மூடாமல் இருந்தால் அது வழியாக மழைத்தண்ணீர் இறங்கி நடுத்தடி இத்துப் போயிருக்கும். வெட்டுகத்தியின் புறத்தால் அடியிலிருந்து தட்டிக்கொண்டே போவார், பொந்து இருக்கும் இடத்தில் சத்தம் மாறும். இவ்வளவும் பார்த்த பிறகு மரத்தை விட்டு விலகி நின்று, அது எந்தப் பக்கம் விழும் என்று யோசிப்பார். வீட்டு ஓடு, மின்கம்பி, பக்கத்து வீட்டுத் தென்னை எல்லாவற்றையும் தப்பித்து இறக்க வேண்டும். மேலே ஏறிக் கொப்பு கழித்து, கயிறு கட்டித் துண்டு துண்டாக இறக்கும் ஆட்களுக்குக் கூலி அதிகம். லாரி உள்ளே வராத இடமென்றால் தடியைச் சுமந்து கொண்டுவரும் சுமட்டுக்காரர்களின் கூலியும் சேரும். எல்லாவற்றையும் மனதில் கழித்த பிறகுதான் மொத்தமாக ஒரு விலை சொல்வார்.

அளவுக்கு வருவோம், மரம் விற்பவர்களுக்கும் இது உதவும். தடியின் சுற்றளவை அங்குலத்தில் எடுத்து, நாலில் ஒரு பங்காக்கி, அதை அதாலேயே பெருக்கி, அடிக்கணக்கில் நீளத்தால் பெருக்கி 144ஆல் வகுத்தால் கன அடி கிடைக்கும். சுற்றளவு 48 அங்குலம், நீளம் 10 அடி என்றால் நாலில் ஒன்று 12. கணக்கு 10 கன அடி. பள்ளிக்கூடத்து உருளைக் கணக்குப்படி அதே தடியில் சுமார் 12.7 கன அடி இருக்கும். இந்த வித்தியாசம் ஏமாற்று இல்லை. வட்டமான தடியைச் சதுரிக்கும்போது கழியும் வெளிப்பக்கத்துக்காகப் பல காலமாக விடப்படும் கழிவு அது. ஆனால் பட்டையோடு அளக்கிறோமா, பட்டை நீக்கி அளக்கிறோமா என்பதை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். சண்டை வருவது அங்கேதான்.

மில்லுக்குள் பட்டை ரம்பம் (நாடா போல வளையமாக ஓடும் பிளேடு) ஓட்டுபவர் நல்லவராக அமைந்துவிட்டால் முதலாளிக்குப் பாதி நிம்மதி. பல் மழுங்கினால் அறுப்பு அலையடிக்கும், பலகை ஒரு பக்கம் தடித்து ஒரு பக்கம் மெலியும். அதனால் பிளேடை நாளில் பலமுறை கழற்றித் தீட்ட வேண்டும். பற்களை ஒன்றுவிட்டு ஒன்று இடமும் வலமும் சாய்த்துவிட வேண்டும். பால்மரங்கள் பசையாக ஒட்டும் என்பதால் பிளேடில் டீசல் சொட்ட விடுவார்கள். எங்களுக்குப் பெரிய எதிரி ஆணி. துணி உலர்த்தும் கயிறுக்கு அடித்தது, வேலிக்கம்பி, ரப்பரில் பால் பிடிக்கும் சிரட்டையைத் தாங்கிய கம்பி என்று எதையும் மரம் வளர்ந்து உள்ளே மூடிவிடுகிறது. தடியின் வெட்டுமுகத்தில் கருநீலக் கறை தெரிந்தால் உள்ளே இரும்பு இருக்கிறது என்று ரம்பக்காரர் நிறுத்திவிடுவார். கவனிக்காமல் விட்டால் பிளேடு அறுந்து தெறிக்கும், ஆளுக்கே ஆபத்து.

இந்த மாவட்டத்துக்கு இடவப்பாதி மழையும் (தென்மேற்குப் பருவமழை) உண்டு, ஐப்பசி மழையும் உண்டு. பலகை காயவைக்கக் கிடைப்பது தை முதல் பங்குனி வரையிலான நாட்கள்தான். அவசரக்காரர்கள் ஈரப்பலகையில் கதவு செய்துவிட்டு மறு மழையில் அடைக்க முடியவில்லை என்று வந்து நிற்பார்கள். பழைய ஆசாரிமார் நிழலில் குறுக்குக் கட்டை வைத்து அடுக்கி, காற்று ஓட விட்டுக் காயவைத்த பிலாவுதான் வேண்டும் என்பார்கள். தக்கலைக்குப் பக்கத்தில் பத்மநாபபுரம் அரண்மனையில் தாய்க்கொட்டாரம் என்ற பகுதியில் சித்திர வேலை செய்த பிலாத்தூணைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பிடிவாதம் புரியும்.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் அடித்தது. எங்கள் பக்கத்து ரப்பர் தோட்டங்கள் வரிசை வரிசையாகச் சாய்ந்தன. இவ்வளவு மரம் விழுந்தால் மில்காரருக்கு யோகம்தானே என்று வெளியூரில் சிலர் கேட்டார்கள். அப்படி இல்லை. ரப்பர் மரத்தில் மாவுச்சத்தும் சர்க்கரையும் அதிகம். வெட்டிப் போட்ட சில நாட்களிலேயே பூஞ்சை ஏறி நீலம் பாய்ந்துவிடும், பின்னாலேயே வண்டு துளைக்கும். உடனே அறுத்து மருந்தில் ஊறவைத்தால்தான் விலை. ஆனால் மின்கம்பங்களும் சேர்ந்தே சாய்ந்திருந்தன. கரண்ட் வர நாட்கணக்கில் ஆனது. மில் முற்றம் நிறையத் தடி, ரம்பம் ஓடவில்லை. ஒவ்வொரு காலையும் வெட்டுமுகங்கள் இன்னும் கொஞ்சம் கறுத்திருந்தன. வாங்குகிற கம்பெனிகளும் சரக்கு குவிந்துவிட்டது என்று விலையைக் குறைத்தார்கள். அதைவிட அப்பாவை வருத்தியது புரையிடங்களில் விழுந்த அயனிகள். பிள்ளைகளுக்கென்று இன்னும் சில வருடம் நிற்கட்டும் என்று விட்டுவைத்த மரங்கள் கிடைத்த விலைக்குப் போயின. அந்த வீடுகளில் விலை பேச அவருக்கு நா எழவில்லை.

நேரம் காலம் இல்லாத வேலை ஒன்றும் உண்டு. சாவு வீட்டிலிருந்து ராத்திரியில் ஆள் வரும். சவப்பெட்டிக்குப் பலகை வேண்டும், இல்லையென்றால் சிதைக்கு மாவிறகு வேண்டும். மில் வெளிச்சம் போட்டு எடுத்துக் கொடுப்போம். அன்றைக்குப் பணம் பேசும் வழக்கம் இல்லை.

தொழில் இப்போது நெருக்கடியில்தான் இருக்கிறது. ஓட்டு வீடுகள் இருந்த காலத்தில் ஒரு வீட்டுக்கு உத்தரமும் கழுக்கோலும் (கூரையின் சாய்வுக் கட்டை) பட்டியலுமாக (ஓடு தாங்கும் குறுக்குச் சட்டம்) தடி போகும். கான்கிரீட் வந்த பிறகு நிலை, கதவு, ஜன்னல் மட்டும். இப்போது அதற்கும் இரும்பும் பிளாஸ்டிக்கும் வந்துவிட்டன. மியான்மர் 2014 ஏப்ரல் முதல் உருண்டைத் தடி ஏற்றுமதியை நிறுத்தியதால் பர்மா தேக்கு கேட்டு வருபவர்களுக்குத் தூத்துக்குடித் துறைமுகம் வழியாக வரும் வேறு நாட்டுத் தேக்கைத்தான் காட்ட முடிகிறது. ஜிஎஸ்டி வந்ததிலிருந்து மரத்துக்கு 18 சதவீதம் வரி, அதை வீடு கட்டுபவருக்கு விளக்கிச் சொல்வதே தனி வேலை.

புதிதாக இறங்க நினைத்தால் இயந்திரத்துக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன் வனத்துறை உரிமத்தை விசாரியுங்கள். 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் காடுகளைக் காப்பது பற்றிய வழக்கில் உத்தரவு போட்டதிலிருந்து நாடு முழுவதும் அறுவை மில்களுக்குக் கட்டுப்பாடு இறுகிவிட்டது. நினைத்த இடத்தில் புது மில் போட முடியாது. சொந்த நிலத்து மரம் என்று சொன்னாலும் பட்டாவையும் தேவையான அனுமதியையும் பார்க்காமல் தடியை முற்றத்தில் இறக்காதீர்கள். ஈட்டி, சந்தனம் என்றால் இரட்டிப்புக் கவனம் வேண்டும். உரிமம் உள்ள பழைய மில்லை வாடகைக்கு எடுப்பது ஒரு வழி. அதற்கும் முன்னால், நிற்கிற மரம் வாங்கும் வியாபாரி ஒருவரோடு ஒரு வருடமாவது கூடவே நடங்கள். அவர் விலை சொல்வதற்கு முன் நீங்களும் மனதுக்குள் ஒரு விலை சொல்லி வைத்து, அந்தத் தடி அறுபடும்போது போய்ச் சரிபாருங்கள்.